‘வேண்டுமென்றே செய்தாயா?’ – ஒரு கேள்வியும் சில கிரேக்கச் சொற்களும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தேர்வு நாளன்று பள்ளிக்கு வரவில்லை. மறுநாள் வந்தவளை வகுப்பின் முன்னால் நிறுத்தி, “உன் இஷ்டத்துக்கு லீவு போடுவியா?” என்று கேட்டேன். அவள் அழவில்லை. “இஷ்டப்பட்டுப் போடல டீச்சர். தம்பிக்குக் காய்ச்சல். அம்மா வேலைக்குப் போகலைன்னா கூலி போயிடும். நான்தான் வீட்ல இருக்கேன்னு சொன்னேன்” என்றாள்.

அவள் இஷ்டப்பட்டு இருக்கவில்லை. ஆனால் முடிவெடுத்தது அவள்தான். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்? எனக்குப் பதில் தெரியவில்லை. “சரி, உட்கார்” என்று மட்டும் சொன்னேன்.

அதே வாரம், கிரேக்கம் பற்றிய வரலாற்றுப் பாடத்துக்குத் தயாரிப்பதற்காக அரிஸ்டாட்டிலின் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலின் மூன்றாம் பகுதியை மொழிபெயர்ப்பில் படித்தேன். அந்த மாணவி சொன்னதற்கு 2300 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஒரு விளக்கம் இருந்தது.

ஒரு சொல் அல்ல, பல சொற்கள்

‘மனிதருக்குச் சுதந்திரமான விருப்பாற்றல் உண்டா?’ என்பது தத்துவத்தின் பழைய கேள்வி. ஆனால் பிளேட்டோ, அரிஸ்டாட்டில் காலத்துக் கிரேக்க மொழியில் இன்று நாம் சொல்லும் ‘விருப்பாற்றல்’ என்பதற்கு நேரான ஒற்றைச் சொல் இல்லை. அவர்களிடம் பல சொற்கள் இருந்தன. ஒவ்வொன்றும் விருப்பத்தின் ஒரு பகுதியைக் குறித்தது.

அவற்றுள் மிகப் பழைய இணை ‘ஹெகோன்’, ‘அகோன்’. தானே மனமொப்பிச் செய்பவர் ஹெகோன். மனமின்றிச் செய்பவர் அகோன். இவை தத்துவவாதிகள் உருவாக்கிய சொற்கள் அல்ல. வழக்கிலும் வழக்குமன்றத்திலும் புழங்கியவை. ஏதென்ஸில் திட்டமிட்ட கொலையை ‘அரியோபாகஸ்’ மன்றமும், எண்ணமின்றி நேர்ந்த கொலையை ‘பல்லாடியோன்’ என்னும் வேறொரு மன்றமும் விசாரித்தன. டிராக்கோவின் கொலைச் சட்டம் பொ.ஆ.மு. 409-ஆம் ஆண்டுவாக்கில் மீண்டும் கல்லில் பொறிக்கப்பட்டது. அந்தக் கல்வெட்டில், முன்னெண்ணம் இன்றிக் கொன்றவர் நாடுகடத்தப்படுவதும், இறந்தவரின் உறவினர்கள் மன்னிக்க இசைந்தால் அவர் திரும்பி வரலாம் என்பதும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ‘வேண்டுமென்றே செய்தாயா?’ என்ற கேள்விக்குக் கிடைத்த பதிலைப் பொறுத்தே எந்த மன்றம், என்ன தண்டனை என்பது முடிவானது.

புயலில் கப்பல்

இந்தப் புழக்கச் சொற்களை எடுத்து அரிஸ்டாட்டில் நுணுக்கமாக ஆராய்ந்தார். ஒரு செயல் மனமின்றிச் செய்யப்பட்டது என்று சொல்ல இரண்டு காரணங்களே உண்டு என்கிறார். ஒன்று, வலுக்கட்டாயம். காற்று ஒருவரைத் தூக்கிக்கொண்டு போவதுபோல, செயலின் தொடக்கம் அவருக்கு வெளியே இருக்க வேண்டும். மற்றொன்று, அறியாமை. தான் செய்வது என்ன, யாருக்குச் செய்கிறோம் என்பது தெரியாமல் இருக்க வேண்டும்.

அடுத்து ஒரு சிக்கலான எடுத்துக்காட்டைத் தருகிறார். புயலில் சிக்கிய கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் வீசுகிறார்கள். சும்மா இருக்கும்போது யாரும் சரக்கை வீச விரும்ப மாட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில், அந்தச் சூழலில், அறிவுள்ள எவரும் அதைத்தான் தேர்வார்கள். கையை அசைப்பதும் அவர்களே. இத்தகைய செயல்களை அவர் ‘கலப்புச் செயல்கள்’ என்கிறார். அவை மனமொப்பிச் செய்தவற்றையே அதிகம் ஒத்திருக்கின்றன. ஆனாலும் சூழலைக் கழற்றிவிட்டு அவற்றை மதிப்பிடக் கூடாது. சில கலப்புச் செயல்களுக்கு மன்னிப்பு உரியது, சிலவற்றுக்குப் பாராட்டே உரியது என்கிறார்.

இதைப் படித்தபோது அந்த மாணவியின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் வீசிய சரக்கு அவளுடைய தேர்வு.

தெரியாமல் செய்தவர் இருவர்

அறியாமையைப் பற்றி அவர் சொல்வது ஆசிரியர்களுக்கு இன்னும் நெருக்கமானது. தெரியாமல் ஒரு தவறு செய்கிறோம். பின்பு தெரியவரும்போது வருந்தினால், அது உண்மையிலேயே மனத்துக்கு மாறாக நடந்தது. வருந்தவே இல்லையென்றால்? அவரை ‘மனமொப்பிச் செய்தவர்’ என்றும் சொல்ல முடியாது, ‘மனத்துக்கு மாறாகச் செய்தவர்’ என்றும் சொல்ல முடியாது. ஆகவே ‘மனமொப்பிச் செய்யாதவர்’ என்ற மூன்றாவது வகையை அரிஸ்டாட்டில் உண்டாக்குகிறார். ஓடும்போது தெரியாமல் ஒருவனைத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்து தூக்கிவிடும் பையனையும், தள்ளியது தெரிந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும் பையனையும் நாம் தினமும் பார்க்கிறோம். இருவரும் சொல்வது “தெரியாம பட்டுடுச்சு சார்” என்ற ஒரே வாக்கியம்தான்.

அறியாமை எல்லா நேரத்திலும் விடுதலை தருவதில்லை. குடிபோதையில் குற்றம் செய்தவருக்கு இரட்டைத் தண்டனை விதிக்கும் சட்டத்தை அவர் குறிப்பிடுகிறார். அந்த அறியாமையை வரவழைத்துக்கொண்டதே அவர்தான் என்பது காரணம்.

விரும்புதலும் தேர்தலும்

‘பூலேசிஸ்’ என்பது விழைவு; ‘புரோஹைரெசிஸ்’ என்பது தேர்வு. விழைவு முடியாதவற்றையும் நாடும். சாகாமல் இருக்க வேண்டும் என்றுகூட ஒருவர் விழையலாம். ஆனால் அதை யாரும் ‘தேர்வு’ செய்ய முடியாது. தேர்வு நம் கைக்கு எட்டியவற்றைப் பற்றியது. ‘ஒன்றைவிட முன்னதாக மற்றொன்றை எடுத்துக்கொள்வது’ என்பதே அச்சொல்லின் அமைப்பு. அதற்கு முன் யோசனை வேண்டும்.

“நல்ல மார்க் வாங்கணும்” என்று எல்லா மாணவரும் சொல்கிறார்கள். அது பூலேசிஸ். இன்று மாலை எந்தப் பாடத்தை, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து படிப்பது என்பது புரோஹைரெசிஸ். முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாத பிள்ளைகளை நாம் ‘ஆர்வமில்லாதவர்கள்’ என்று தவறாகப் பெயரிடுகிறோம்.

குழந்தைகளுக்கும் விலங்குகளுக்கும் மனமொப்பிச் செய்யும் செயல் உண்டு, ஆனால் தேர்வு இல்லை என்றும் அரிஸ்டாட்டில் கூறுகிறார். ஒன்றாம் வகுப்புக் குழந்தை பக்கத்துக் குழந்தையின் பென்சிலை எடுக்கும்போது, வேண்டும் என்றுதான் எடுக்கிறது. ஆனால் யோசித்துத் தேர்ந்து எடுக்கவில்லை. அதைத் ‘திருட்டு’ என்று சொல்லத் தயங்க வேண்டியதற்குக் காரணம் நம் இளகிய மனம் மட்டும் அல்ல.

தெரிந்தும் ஏன் செய்கிறோம்?

யாரும் தெரிந்தே தீமையைத் தேர்வதில்லை, தவறு என்பது அறியாமையே என்றார் சாக்ரடீஸ். அரிஸ்டாட்டில் இதை முழுமையாக ஏற்கவில்லை. நல்லது இதுவென்று தெரிந்தும் ஆசையின் இழுப்பில் வேறொன்றைச் செய்யும் நிலையை ‘அக்ரசியா’ என்ற சொல்லால் தனியே ஆராய்ந்தார். அறிவுரை மட்டும் போதும் என்று நினைப்பவர் சாக்ரடீஸ் பக்கம். பழக்கமும் வேண்டும் என்பவர் அரிஸ்டாட்டில் பக்கம். இளமையிலிருந்து எப்படிப் பழக்கப்படுகிறோம் என்பதே எல்லா வேறுபாட்டையும் உண்டாக்குகிறது என்பது அவர் முடிவு.

அடிமையாகப் பிறந்த ஆசிரியர்

நானூறு ஆண்டுகளுக்குப் பின் இதே ‘புரோஹைரெசிஸ்’ என்ற சொல் எபிக்டீட்டஸ் கையில் புதிய பொருள் பெற்றது. அவர் அடிமையாகப் பிறந்து, ரோமில் வாழ்ந்து, பின்பு கிரேக்கத்தின் நிக்கோபொலிஸ் நகரில் பள்ளி நடத்திய ஸ்டோயிக் ஆசிரியர். அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. அவருடைய பாடங்களை மாணவர் ஆரியன் குறிப்பெடுத்ததால் நமக்குக் கிடைத்தன. உடல், சொத்து, பதவி, பிறர் பேச்சு ஆகியவை நம் வசத்தில் இல்லை. ஒன்றை ஏற்பதும் மறுப்பதும், நாடுவதும் விலக்குவதும் நம் வசத்தில் உள்ளன என்றார். காலுக்குத் தளை போடலாம், தேர்வுக்கு யாரும் தளை போட முடியாது என்பது அவர் கருத்து. தேர்வு என்பது இங்கே ஒரு தனிச் செயல் அல்ல. அந்த மனிதரே அதுதான்.

இலத்தீனில் ‘வொலுந்தாஸ்’ என்ற சொல் இருந்தது. பொ.ஆ. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அகஸ்டின் அதை மையமாக்கிச் சுதந்திர விருப்பம் பற்றியே ஒரு நூல் எழுதினார். விருப்பாற்றல் என்ற கருத்து அகஸ்டினிடம்தான் முழு வடிவம் பெற்றது என்று ஆல்பிரெக்ட் டீலே 1982-இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். சுதந்திர விருப்பம் என்ற கருத்து ஸ்டோயிக்குகளிடமே, குறிப்பாக எபிக்டீட்டஸிடமே உருவாகிவிட்டது என்பது மைக்கேல் ஃபிரேடேயின் மறுப்பு. அவர் நூல் 2011-இல் வந்தது. விவாதம் இன்னும் முடியவில்லை.

வகுப்பறையில்

விருப்பம் சுதந்திரமானதா என்பதை அறிஞர்கள் பேசட்டும். நாம் நாள்தோறும் சிறு சிறு வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். ‘வேண்டுமென்றே செய்தாயா?’ என்ற ஒற்றைக் கேள்விக்கு ‘ஆமாம்’, ‘இல்லை’ என்ற இரண்டு பதில்கள்தான் உண்டு. பயந்த பிள்ளை ‘இல்லை’ என்றே சொல்லும். அதனால் நான் இப்போது மூன்று கேள்விகளாகப் பிரித்துக் கேட்கிறேன். என்ன ஆகும் என்று தெரிந்ததா? அப்போது வேறு வழி இருந்ததா? இப்போது அதைப் பற்றி என்ன நினைக்கிறாய்? கேட்க இரண்டு நிமிடம் கூடுதலாகும். தனியாக அழைத்துக் கேட்க வேண்டும்.

அந்த மாணவிக்கு அடுத்த வாரம் மறுதேர்வு வைத்தேன். “நீ எடுத்த முடிவு தப்பில்லம்மா. நான் கேட்ட விதம்தான் தப்பு” என்று சொன்னேன். வகுப்பின் முன்னால் கேட்டதால், இதையும் வகுப்பின் முன்னால்தான் சொன்னேன்.