நைந்த நோட்டு எங்கே போகிறது?

கருங்குழி என்ற ஊரில் காலையில் பூ வாங்கக் கொடுத்த பத்து ரூபாய் நோட்டு, பொழுது சாய்வதற்குள் டீக்கடை, ஷேர் ஆட்டோ, காய்கறிக்கடை என்று பல கை மாறிவிடும். ஈரக் கையில் நனையும், இடுப்புச் செருகலில் வியர்வையில் ஊறும், சில நேரம் சட்டைப் பையோடு துவைபடவும் செய்யும். இத்தனையையும் தாங்க வேண்டும் என்பதால்தான் ரூபாய் நோட்டை மரக்கூழ்க் காகிதத்தில் அச்சிடாமல் பருத்தி இழையாலான தாளில் அச்சிடுகிறார்கள். பருத்தியும் ஒருநாள் நைந்துபோகும். அதற்குப் பிறகு அந்த நோட்டுக்கு என்ன நேர்கிறது?

கிழிந்த, சிதைந்த, மிகவும் அழுக்கான நோட்டை ரிசர்வ் வங்கி மறுபடி வெளியிடக் கூடாது என்று 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே பழையதை எடுத்துவிட்டுப் புதியதை விடும் வேலை நாள்தோறும் ஓசையில்லாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

நோட்டு பழுப்பாவதற்குத் தெருப்புழுதியைவிட நம் விரல்களே பெரிய காரணம். தோலில் சுரக்கும் எண்ணெய் தாளில் படிந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மஞ்சளாகிறது. மடித்து மடித்து வைப்பதால் மடிப்புக் கோட்டில் இழைகள் முறிகின்றன, தாள் விறைப்பை இழந்து துவள்கிறது. சில்லறைக்குப் புழங்கும் பத்து, இருபது ரூபாய் நோட்டுகள் அதிகக் கைகளைக் கடப்பதால் அவற்றின் ஆயுள் குறைவு.

முதல் சல்லடை வங்கிக் கிளை. ஒரு காலத்தில் நூறு நோட்டு கொண்ட கட்டை ஸ்டேப்லர் பின் அடித்துத்தான் வைத்திருப்பார்கள். பிரிக்கும்போது தாள் கிழியும். 1999இல், பிமல் ஜலான் ஆளுநராக இருந்தபோது, ரிசர்வ் வங்கி தூய நோட்டுக் கொள்கையை அறிவித்தது. அதையொட்டிப் பின் அடிப்பது நிறுத்தப்பட்டு, காகிதப் பட்டை கட்டும் வழக்கம் வந்தது. நூறு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நோட்டுகளை இயந்திரத்தில் சோதித்த பிறகே வாடிக்கையாளருக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் பின்னர் வந்தது. அழுக்கு, துவளல், கறை, கிறுக்கல், கிழிசல், ஒட்டுப்போட்ட இடம் என ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் உண்டு. எட்டுச் சதுர மில்லிமீட்டருக்கு மேல் ஓட்டை இருந்தால் அந்த நோட்டு கழிக்கப்படும்.

கழித்தவை கரன்சி செஸ்ட் எனப்படும் பணப் பெட்டகத்துக்குப் போகின்றன. வங்கியின் பொறுப்பில் இருந்தாலும், அந்தப் பெட்டகத்திலுள்ள பணம் ரிசர்வ் வங்கியுடையது. அங்கிருந்து அவை சென்னையில் ராஜாஜி சாலையிலுள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குச் செல்கின்றன. கருங்குழியின் பத்து ரூபாய் தன் கடைசி இயந்திரத்தைச் சந்திப்பது அங்கேதான்.

நோட்டுகளைச் சரிபார்த்துத் தரம் பிரிக்கும் அந்த இயந்திரம் மணிக்கு 50,000 முதல் 60,000 நோட்டுகள் வரை பார்க்கும். நொடிக்குச் சுமார் பதினைந்து நோட்டுகள் ஒவ்வொன்றாக உணரிகளைக் கடந்து ஓடுகின்றன. எண்ணிக்கை சரியா, நோட்டு அசலா, இன்னும் புழங்கத் தக்கதா என்ற மூன்று கேள்விகளுக்கும் அதே ஓட்டத்தில் விடை கிடைக்கிறது. நல்ல நோட்டு மீண்டும் கட்டாகிறது. சந்தேகத்துக்குரியது மனிதர் பார்ப்பதற்காகத் தனியே ஒதுங்குகிறது. நைந்தது அதே இயந்திரத்துக்குள், யார் கையும் படாமல், பொடிப்பொடியாக நறுக்கப்படுகிறது. நறுக்கியவை குழாய் வழியே இன்னோர் இயந்திரத்துக்குப் போய், அழுத்தத்தில் கெட்டியான கட்டிகளாகின்றன. இந்த ஏற்பாடு வருவதற்கு முன் பழைய நோட்டுகளைக் கையால் எண்ணி, ஓட்டை போட்டு, உலையில் எரித்தார்கள். புகையும் அதிகம், எண்ணி முடிக்க ஆகும் காலமும் அதிகம்.

நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 15,000 டன் நறுக்குகள் சேர்கின்றன. முன்பு அவற்றில் பெரும்பகுதி குழி நிரப்பவோ எரிக்கவோ போனது. இப்போது அவற்றை மரத்துகளோடு கலந்து மேசை, அலமாரி செய்யும் பலகையாக்க முடியும் என்று ஆய்வில் தெரியவந்து, ரிசர்வ் வங்கி அந்த வழியில் இறங்கியிருக்கிறது.

இவ்வளவு நோட்டை நறுக்கினால் நாட்டின் பணம் குறையாதா என்று தோன்றலாம். குறையாது. நோட்டு என்பது ரிசர்வ் வங்கி நமக்குப் பட்டிருக்கும் கடனின் அத்தாட்சி. வங்கி நைந்த நோட்டைக் கரன்சி செஸ்ட்டில் ஒப்படைத்தவுடனே அதன் மதிப்பு அந்த வங்கியின் கணக்கில் வரவாகிவிடுகிறது. அழிவது தாள் மட்டுமே. ஈடாகப் புதிய தாள்கள் நாசிக், தேவாஸ், மைசூரு, சால்போனி ஆகிய நான்கு அச்சகங்களிலிருந்து வருகின்றன.

நைந்துபோகாத நோட்டையும் சில நேரம் திரும்பப் பெறுகிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. 1946, 1978, 2016 ஆகிய ஆண்டுகளில் நடந்தது செல்லாது என்ற அறிவிப்பு. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் சட்டத் தகுதியை இழந்தன, ஊர்தோறும் வங்கி வாசலில் மக்கள் கால்கடுக்க நின்றார்கள். இன்னொரு வகை, செல்லும் தகுதியைப் பறிக்காமல் புழக்கத்திலிருந்து விலக்குவது. பின்பக்கம் ஆண்டு அச்சிடாத, 2005க்கு முந்தைய நோட்டுகளில் பாதுகாப்பு அம்சங்கள் குறைவு என்பதால் 2014இல் அவற்றைத் திரும்பப் பெறத் தொடங்கினார்கள். 2023 மே 19 அன்று 2000 ரூபாய் நோட்டு விலக்கப்பட்டது. பெரும்பாலானவை 2017 மார்ச்சுக்கு முன் வெளியானவை, அவற்றின் நான்கைந்து ஆண்டு ஆயுள் முடிந்துவிட்டது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வங்கிக் கிளைகளில் மாற்றும் தவணை அந்த ஆண்டு அக்டோபர் 7இல் முடிந்த பிறகும், ரிசர்வ் வங்கியின் 19 வெளியீட்டு அலுவலகங்கள் அதை ஏற்றன. அஞ்சலில் அனுப்பிக் கணக்கில் வரவு வைக்கவும் வழி செய்தார்கள்.

நைந்த நோட்டை மாற்றும் ஏற்பாட்டில் நமக்குள்ள உரிமை பலருக்குத் தெரிவதில்லை. கடைக்காரர் வாங்க மறுத்த கிழிந்த நோட்டைக் கமிஷனுக்கு மாற்றுபவரிடம் கொடுத்து நூறுக்கு எண்பது பெறுவோர் இன்றும் இருக்கிறார்கள். அது தேவையில்லை. வெறும் அழுக்கு நோட்டுக்கும், இரண்டாகக் கிழிந்தாலும் இரு துண்டும் பொருந்தும் நோட்டுக்கும் முழு மதிப்பு உண்டு. ஒரு பகுதி தொலைந்திருந்தால் அளவு பார்ப்பார்கள். இருபது ரூபாய் வரையிலான நோட்டில் பாதிக்கு மேல் இருந்தால் முழுத் தொகை. ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுத் தொகை, 40 முதல் 80 சதவீதம் வரை பாதித் தொகை. எந்த வங்கிக் கிளையிலும், அங்கே கணக்கு இல்லாவிட்டாலும் மாற்றலாம். அழுக்கு நோட்டானால், நாளுக்கு 20 நோட்டு, 5000 ரூபாய் என்ற வரம்புக்குள் கட்டணம் கிடையாது, கவுன்டரிலேயே மாற்றித் தர வேண்டும். பேனாக் கிறுக்கல் இருப்பதால் மட்டும் ஒரு நோட்டு செல்லாததாகிவிடாது.

அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கு ஒரு கிழிந்த நூறு ரூபாய் சிறிய விஷயமல்ல. நாட்டின் நோட்டுகளைத் தூய்மையாக வைத்திருக்கும் இவ்வளவு பெரிய அமைப்பின் முதல் பயன் அவருக்கே கிடைக்க வேண்டும். கமிஷன் கேட்பவரைத் தாண்டி நேராக வங்கிக்குப் போங்கள், அங்கே மாற்றித் தரும்படி கேளுங்கள். துண்டு எதுவும் தொலையாத வரை அந்த நூறு ரூபாயின் முழு மதிப்பும் உங்களுடையது.