காற்றை விற்கும் கடைத்தெரு

திருவிழாக் கடைத்தெருவில் விற்கிற தின்பண்டங்களை வரிசையாகப் பாருங்கள். பொரி, பாப்கார்ன், டெல்லி அப்பளம், பஞ்சுமிட்டாய். இவை எல்லாவற்றிலும் பெரும்பகுதி காற்று. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, கணக்குதான் இருக்கிறது. தேனி மாவட்டம் வீரபாண்டியில் சித்திரைத் திருவிழாவுக்குக் கடை போடுகிறவர், அடுத்த வாரம் வேறொரு ஊரில் மாரியம்மன் கோயில் வாசலில் நிற்பார். ஒரு வண்டியில் ஏற்ற முடிந்த சரக்குதான் அவருடைய முதல். அது கெடக் கூடாது. கூட்டத்துக்கு நடுவே தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும். குழந்தையின் கையில் கொடுத்தால் பெரிதாகத் தெரிய வேண்டும். விலையோ அப்பாவின் சட்டைப்பையைக் கடிக்காமல் இருக்க வேண்டும். ஒரு மூட்டை சர்க்கரை, ஒரு மூட்டை சோளம், சில கட்டு அப்பளம் இருந்தால் போதும். கொஞ்சத்தை நிறையவாகக் காட்டும் வித்தை தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார்.

அந்த வித்தைக்கு அவர் நம்பியிருப்பது தண்ணீரை. வெளியே தெரியாமல், காய்ந்த தானியத்துக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர். ஒரு கிராம் தண்ணீர் கொதித்து ஆவியானால் சுமார் 1.7 லிட்டர் இடம் கேட்கும். இருந்ததைப் போல 1,600 மடங்குக்கும் மேல். அந்த ஆவியைத் தானியத்துக்குள் எப்படிச் சிறை வைப்பது, எந்த நொடியில் திறந்துவிடுவது என்பதில்தான் ஒவ்வொரு பண்டமும் மற்றதிலிருந்து வேறுபடுகிறது.

பாப்கார்ன் சோளத்தில் 14 சதவீதம் அளவுக்கு ஈரம் இருக்கிறது. அதன் தோல் ஆவியை எளிதில் வெளியே விடாது. சூடு ஏற ஏற உள்ளே மாவுச்சத்து இளகிக் கூழாகிறது, ஆவி நெருக்குகிறது. சுமார் 180 டிகிரி செல்சியஸில் உள்ளழுத்தம் லாரி டயரின் காற்றழுத்தத்தைத் தாண்டிவிடும். தோல் வெடிக்கிறது, அழுத்தம் சட்டென்று விழுகிறது, கூழ் நுரைத்துப் பொங்கி, பொங்கிய வாக்கிலேயே உலர்ந்து நின்றுவிடுகிறது. எமானுவேல் விரோ, அலெக்சாந்தர் பொனொமரென்கோ என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2015இல் இதை அதிவேகக் கேமராவில் பிடித்தார்கள். மணி சிறிதோ பெரிதோ, வெடிக்கும் வெப்பநிலை ஏறக்குறைய அந்த 180தான். ‘பட்’டென்ற ஓசை தோல் கிழிவதால் வருவதில்லை, அடைபட்ட ஆவி விடுபடும்போது எழுவது என்றும் கண்டார்கள்.

கார்த்திகைக்குப் படைக்கும் நெல்பொரியும் இதே முறைதான். அங்கே சிறைச்சுவர் உமி. அரிசிப் பொரியின் கதை வேறு. அரிசிக்கு உமியும் இல்லை, தோலும் இல்லை. பச்சரிசியை எவ்வளவு வறுத்தாலும் சிவந்து கருகுமே தவிர நம் பொரியைப் போல உப்பாது. அதனால்தான் பொரிக்கு அவித்த நெல்லின் அரிசி வேண்டும். நெல்லை அவிக்கும்போது மாவுச்சத்து வெந்து ஒன்றோடொன்று ஒட்டுகிறது; உலர்ந்ததும் இறுகிக் கண்ணாடி போலாகிவிடுகிறது. புழுங்கலரிசியை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் மினுமினுப்பு இதனால் வருவது. இந்த இறுகிய மாவே ஆவிக்குச் சுவர்.

பொரிக்கடைக்காரர் உப்புத் தண்ணீர் பிசறிய அரிசியை, 200 டிகிரிக்கு மேல் காய்ந்த மணலில் கொட்டி ஒரு கிளறு கிளறுகிறார். சில நொடிகள்தான். மணல் ஒவ்வொரு அரிசியையும் எல்லாப் பக்கமும் தழுவுவதால் சூடு ஒரே சமயத்தில் பாய்கிறது. இறுகிய மாவு ரப்பரைப் போல இளகும் கணமும், உள்ளே ஈரம் ஆவியாகும் கணமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. மெதுவாகச் சூடேற்றியிருந்தால் ஈரம் நழுவி வெளியே போயிருக்கும். அரிசி அரிசியாகவே கிடக்கும். உப்பியதும் சல்லடையில் போட்டு ஆட்டினால் மணல் கீழே, பொரி மேலே. எண்ணெய்ச் செலவு இல்லை.

டெல்லி அப்பளக் கடையில் கண்ணை மூடிக்கொண்டும் வேலை பார்க்கலாம். அப்பளம் எண்ணெயில் விழுந்ததும் எழுகிற இரைச்சல், அதிலிருக்கும் ஈரம் ஆவியாகித் தப்பி ஓடும் ஓசை. இரைச்சல் அடங்கினால் ஈரம் தீர்ந்தது, எடுத்துவிட வேண்டும் என்று பொருள். ஆவி விட்டுச்சென்ற கொப்புளங்களின் சுவர்கள் மெலிந்து இறுகி நிற்கின்றன. கடிக்கும்போது அவை ஒவ்வொன்றாக உடைவதுதான் மொறுமொறுப்பு. மொறுமொறுப்பில் பாதி காதுக்கான விருந்து. ஆக்ஸ்ஃபோர்டின் சார்லஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ ஸாம்பினியும் உருளைக்கிழங்கு வறுவல் தின்பவர்களின் காதில், அவர்கள் கடிக்கும் ஓசையையே கூட்டியும் குறைத்தும் கேட்கச் செய்தார்கள். ஓசை கூடியபோது அதே வறுவல் புதிதாக, இன்னும் மொறுமொறுப்பாக இருப்பதாக அவர்களுக்குத் தோன்றியது.

இத்தனைக்கும் எதிரி காற்றிலிருக்கும் ஈரப்பதம். அது கண்ணாடி நிலையில் இருக்கும் மாவுக்குள் புகுந்தால், சூடு செய்த வேலையைச் சூடில்லாமலே செய்துவிடும். சுவர்கள் மறுபடி இளகும். பொரி நமுத்துப் போவது இப்படித்தான்.

சர்க்கரையையும் கண்ணாடியாக்கலாம். பஞ்சுமிட்டாய் இயந்திரத்தின் நடுவே இருக்கும் சிறு கிண்ணத்தில் சில தேக்கரண்டி சர்க்கரையைப் போடுகிறார்கள். கிண்ணம் சூடாகிக்கொண்டே சுழல்கிறது. உருகிய பாகு, சுற்றுச்சுவரின் நுண்ணிய துளைகள் வழியே தெறித்து வெளியே பாய்கிறது. வெளிக்காற்றில் பட்டதும் உடனே உறைகிறது. நிதானமாக ஆறியிருந்தால் சர்க்கரை மூலக்கூறுகள் அணிவகுத்துப் பழையபடி பளிங்குக் கற்களாகியிருக்கும். அதற்கு நேரமே கிடைக்கவில்லை. குழம்பிய நிலையிலேயே உறைந்த இழைகள்தான் தொட்டியின் ஓரத்தில் நூலாம்படையாகச் சேர்கின்றன. கடைக்காரர் குச்சியைச் சுழற்றி அதைச் சுருட்டி எடுக்கிறார். கழியில் கட்டித் தொங்கவிட்டு மணியடித்து விற்பவர் பாலிதீன் பையில் அடைத்து வாய் கட்டியிருப்பது தூசிக்காக மட்டுமல்ல. கடலோர ஊரின் மாலைக் காற்றில் திறந்து வைத்தால், தலையளவு பஞ்சு சீக்கிரமே சுருங்கிப் பிசுபிசுத்துவிடும். நாக்கில் வைத்ததும் காணாமல் போவதும் ஈரத்தால்தான்.

இந்த இயந்திரத்தை 1897இல் உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் நாஷ்வில் நகரைச் சேர்ந்த ஜான் வார்ட்டன் என்ற மிட்டாய்க்காரரும் வில்லியம் மாரிசன் என்பவரும். மாரிசன் ஒரு பல் மருத்துவர்! 1904இல் செயின்ட் லூயிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் பெட்டி 25 செண்டுக்கு 68,655 பெட்டிகள் விற்றார்கள்.

நம் ஊரில் பஞ்சுமிட்டாய் என்றாலே ரோஸ் நிறம். அந்த நிறத்துக்குச் சுவையில் பங்கே இல்லை. துணிச்சாயத்தில் பயன்படும் ரோடமின்-பி கலந்திருப்பது சோதனையில் தெரிந்ததால், 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் தொடர்ந்து தமிழ்நாடும் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தன. சாயம் போடாத பஞ்சுமிட்டாய் வெள்ளையாகத்தான் இருக்கும். மெல்லிய இழைகள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது.

பொம்மை கைதட்ட, மூங்கில் கழியில் ஜவ்வு மிட்டாயைச் சுற்றிக்கொண்டு வருகிறவர் இதே சர்க்கரையை நேர்மாறான வழியில் ஏய்க்கிறார். பாகில் எலுமிச்சை பிழிந்தால் சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்துவிடும். அந்நிய மூலக்கூறுகள் நடுவில் புகுந்துகொண்டால் பளிங்காக அணிவகுக்க முடியாது. பாகு ஜவ்வாகவே நிற்கும். அப்படி நிற்பதால்தான் அவர் அதை இழுத்து, மடக்கி, கிள்ளி, குழந்தையின் மணிக்கட்டில் கைக்கடிகாரமாகக் கட்டிவிட முடிகிறது.

மிளகாய் பஜ்ஜிக்கு வருவோம். காரம் ஒரு சுவை அல்ல, சூட்டின் சமிக்ஞை. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொள்ளும் உணரி ஒன்று நம் நரம்பு முனைகளில் இருக்கிறது. மிளகாயின் கேப்சைசின் அதே உணரியைத் திறந்துவிடுகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார். பஜ்ஜி தின்ற வாயில் சூடான டீயை ஊற்றினால் காரம் உச்சிக்கு ஏறுவது ஏன் என்பதற்கும் விடை இதுதான்: ஒரே கதவை இரண்டு பேர் தட்டுகிறார்கள். தண்ணீர் குடித்துப் பயனில்லை, கேப்சைசின் அதில் சரியாகக் கரையாது. பாலும் மோரும் கேட்கும்.

வலிக்கிறது என்று தெரிந்தும் ஏன் இரண்டாவது பஜ்ஜிக்குக் கை நீள்கிறது? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் பால் ரோஸின் காரம் தின்பதையும் ரோலர் கோஸ்டர் ஏறுவதையும் ஒரே பட்டியலில் வைத்தார். உடம்பு ஆபத்து என்று அலறுகிறது. மனதுக்கோ ஆபத்து இல்லை என்று தெரியும். அந்த இடைவெளியில் ஒரு சந்தோஷம் பிறக்கிறது என்பது அவர் வாதம். திருவிழாவில் பஜ்ஜிக் கடைக்கு எதிரே ராட்டினம் நிற்பது மிகப் பொருத்தம்.

அன்றைய ராட்டினங்களில் பெரியது 1893இல் சிகாகோ கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் நிறுத்தியது. உயரம் 264 அடி. 36 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 60 பேர் வரை. அதே ராட்டினம்தான் 1904இல் செயின்ட் லூயிஸுக்குப் போய்ப் பஞ்சுமிட்டாய்க்குத் துணை நின்றது. ஆனால் அது நிற்காமல் ஒரு சுற்றுச் சுற்ற 9 நிமிடம் ஆனது. நம் ஊர்த் திருவிழாவில் 10 மீட்டர் ஆரமுள்ள ராட்டினம் 10 நொடிக்கு ஒரு சுற்று வருவதாக வைத்துக்கொள்வோம். 50 கிலோ எடையுள்ள ஒருவர் அதில் தராசின் மேல் உட்கார்ந்திருந்தால், உச்சியில் முள் 30 கிலோ காட்டும், அடியில் 70. சிகாகோ ராட்டினத்தில் அதே ஆளுக்கு வித்தியாசம் உச்சியில் சுமார் 25 கிராம்தான். ஃபெரிஸ் ஊரைக் காட்டினார். ராட்டினக்காரர் அடிவயிற்றைக் கலக்குகிறார்.

உடம்புக்கு வேகம் தெரியாது, வேகம் மாறுவதுதான் தெரியும். காதுக்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் எடைமாற்றத்தை உடனே சொல்லிவிடுகின்றன. வயிற்றுக்குள் தொங்கிக்கொண்டிருக்கும் குடலும் உச்சி தாண்டியதும் லேசாக மேலெழுகிறது. பெட்டியில் ஆள் ஏற்றும்போது ராட்டினக்காரர், “அண்ணே, நீங்க அந்தப் பெட்டிக்கு வாங்க” என்று எதிரும் புதிருமாக உட்கார வைப்பதிலும் கணக்கு இருக்கிறது. இரு பக்க எடையும் சமமானால் ஏறுகிறவர்களை இறங்குகிறவர்களே தூக்கிவிடுவார்கள். இயந்திரம் உராய்வை ஈடுகட்டினால் போதும். நான்கு பெட்டி மர ராட்டினத்தை ஒரே ஆள் கையால் சுற்றுவதும் இந்தத் துணிச்சலில்தான்.

மரணக் கிணறு இதன் மறுகோடி. செங்குத்தான பலகைச் சுவரில் பைக்கும் பழைய மாருதியும் ஓடுகின்றன. மேலேயிருந்து எட்டிப் பார்ப்பவர் நீட்டும் ரூபாய் நோட்டை ஓட்டுபவர் பறித்துக்கொண்டு போகிறார். 30 அடி விட்டமுள்ள கிணற்றில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், அவர் உடம்பு தன் எடையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கை உணரும். டயரைச் சுவரோடு அழுத்துவது அந்தச் சுழற்சி. கீழே விழாமல் பிடிப்பது அழுத்தத்தால் வந்த உராய்வு. மரப்பலகையில் ரப்பருக்கு உள்ள பிடிப்பை வைத்துக் கணக்குப் போட்டால், வேகம் 30 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கும்போது டயர் நழுவத் தொடங்கும். நூறைத் தொடத் தேவையில்லை. வட்டம் சிறிதாக இருந்தால் சைக்கிள் போட்டிக்காரரின் வேகமே போதும். ஓட்டுபவருக்கு உண்மையான சவால், ரத்தம் தலையிலிருந்து காலுக்கு இழுபடும்போதும் மயங்காமல் இருப்பதுதான்.

குடை ராட்டினத்திலிருந்து இறங்கிய பிறகும் உலகம் சுற்றுவதற்குக் காரணம், உட்காதின் அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவம். சீராகச் சுற்றச் சுற்ற அது உடம்போடு சேர்ந்து ஓடப் பழகிவிடும். நாம் நின்றபின் அது நிற்காது. கண் நின்றுவிட்டேன் என்கிறது, காது சுற்றுகிறேன் என்கிறது. இந்தக் குழப்பத்தில் குமட்டல் எதற்கு? மிஷெல் டிரைஸ்மன் 1977இல் ஒரு விளக்கம் சொன்னார். ராட்டினங்கள் வருவதற்கு முந்தைய காலத்தில் கண்ணும் காதும் முரண்படுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருந்திருக்கும்: ஏதோ விஷத்தைத் தின்றிருக்கிறோம். எனவே தின்றதை வெளியே தள்ளு என்று மூளை உத்தரவிடுகிறது.

இந்த விளக்கம் சரியானால், நாம் சுற்றியதற்கான பழி தின்ற பஜ்ஜியின் மேல் விழுகிறது. ஆகவே வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. முதலில் ராட்டினம், சுற்றும்போது தூரத்துக் கோபுரத்தில் கண். அடுத்து மரணக் கிணறு, பார்க்க மட்டும். தலை நின்ற பிறகு பஜ்ஜியும் மோரும். வீட்டில் இருப்பவர்களுக்குப் பொரி வாங்கினால், பையின் வாயை இறுக்கிக் கட்டித் தரச் சொல்லுங்கள்.