தொலைதூரக் கணிப்பொறிகளும் பாதுகாப்பான நுழைவும்

அரசுப் பணிகளில் கணிப்பொறியின் பயன்பாட்டைப் பரப்பும் நோக்கத்துடன் 1976ஆம் ஆண்டில் தேசியத் தகவலியல் மையம் நிறுவப்பட்டது. அம்மையம் 1980களின் பிற்பகுதியில் அமைத்த 'நிக்நெட்' வலையமைப்பு, துணைக்கோள் வழியாகத் தலைநகரையும் மாநிலங்களையும் மாவட்டங்களையும் இணைத்தது. 2006ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற தேசிய மின்னாளுமைத் திட்டத்தின் கீழ் மாநிலத் தரவு மையங்கள் உருவாயின. வருமானச் சான்றிதழ், ஓய்வூதியம், நிலப் பதிவு முதலிய பல சேவைகள் இன்று இத்தகைய மையங்களில் உள்ள கணிப்பொறிகளின் வழியாகவே மக்களை அடைகின்றன. எனவே, இக்கணிப்பொறிகளைத் தொலைவிலிருந்து இயக்குவது எவ்வாறு, இயக்குபவர் உரிமை பெற்றவர்தாமா என்பதை உறுதி செய்வது எவ்வாறு என்னும் இரு வினாக்களும் பொதுமக்களின் நலனைச் சார்ந்தவையாகும்.

ஒரு தலைமை, பல கணுக்கள்

ஒரு விண்ணப்பத்தைப் பெற்று, விதிகளுடன் ஒப்பிட்டு, பதிவேட்டில் சேர்த்து, விடையளிக்கும் மென்பொருளைத் தாங்கி நிற்பது 'அப்ளிகேஷன் சர்வர்' எனப்படுகிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் தொடங்கி, பின்னர் ஆரக்கிள் நிறுவனத்திடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்த 'கிளாஸ்ஃபிஷ்' இவ்வகையைச் சேர்ந்தது. இதன் மூல நிரலை எவரும் பார்வையிடலாம்.

விண்ணப்பங்கள் பெருகும்போது ஒரே கணிப்பொறி அச்சுமையைத் தாங்காது. அது பழுதுற்றால் சேவை முழுவதும் நின்றுவிடும். ஆகவே ஒரே மென்பொருள் பல கணிப்பொறிகளில் நிறுவப்பட்டு, வேலை பகிர்ந்தளிக்கப்படுகிறது. இவ்வாறு பணியாற்றும் ஒவ்வொரு கணிப்பொறியும் 'நோடு', அதாவது கணு எனப்படும். இவை அனைத்துக்கும் ஆணையிடுவது நிர்வாக சர்வர். கணுவைத் தொடங்குதல், நிறுத்துதல், மென்பொருளின் புதிய பதிப்பை அனுப்புதல் ஆகியவை அதன் பணிகள். நிர்வாக சர்வர் சிறிது நேரம் செயலிழந்தாலும், ஏற்கெனவே இயங்கிக் கொண்டிருக்கும் கணுக்கள் தங்கள் பணியைத் தொடரும்.

கடவுச்சொல்லின் குறைபாடு

தொலைவிலுள்ள கணிப்பொறிக்குள் நுழைய முற்காலத்தில் 'டெல்நெட்' என்னும் முறை பெரிதும் பயன்பட்டது. இம்முறையில் கடவுச்சொல் எவ்வித மறைப்புமின்றி, அஞ்சலட்டையில் எழுதிய செய்தியைப் போலக் கம்பி வழியே சென்றது. இடையிலிருப்பவர் அதனைப் படித்துக் கொள்ள முடிந்தது. பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் இத்தகைய திருட்டு நிகழ்ந்ததையடுத்து, அங்கு ஆராய்ச்சியாளராக இருந்த தாத்து இலோனென் 1995ஆம் ஆண்டில் எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான நுழைவு முறையை உருவாக்கினார். இன்று உலகெங்கும் சர்வர்களை நிர்வகிப்பதற்கு இம்முறை பயன்படுகிறது.

இதன் அடிப்படை ஓர் இணைச் சாவி. ஒன்று தனிச் சாவி. மற்றது பொதுச் சாவி. தனிச் சாவி நிர்வாகக் கணிப்பொறியை விட்டு வெளியே செல்வதில்லை. பொதுச் சாவி ஒவ்வொரு கணுவிலும் வைக்கப்படுகிறது. நுழைவு கோரும்போது நிர்வாகக் கணிப்பொறி தனிச் சாவியைக் கொண்டு ஒரு மின்னணு ஒப்பத்தை இட்டு அனுப்புகிறது. கணு தன்னிடமுள்ள பொதுச் சாவியால் அதனைச் சரிபார்க்கிறது. இரகசியம் கம்பி வழியே பயணம் செய்வதே இல்லை. பொதுச் சாவி பிறர் கையில் கிடைத்தாலும் அதைக் கொண்டு ஒப்பமிட இயலாது.

அமைக்கும் முறை

கிளாஸ்ஃபிஷ் சர்வரில் தொலைதூரக் கணுவை அமைப்பது சில படிகளைக் கொண்டது. முதலாவதாக, இணைச் சாவி உருவாக்கப்பட்டு, பொதுச் சாவி கணுவுக்கு அனுப்பப்படுகிறது. முதல் இணைப்பின்போது, எதிரிலிருப்பது உண்மையான கணுதானா என்பதை அதன் சாவி அடையாளத்தைக் கொண்டு சரிபார்ப்பது அவசியம். இரண்டாவதாக, சர்வர் மென்பொருள் கணுவில் நிறுவப்படுகிறது. மூன்றாவதாக, அக்கணுவின் பெயரும் முகவரியும் நிர்வாக சர்வரில் பதியப்பட்டு, அதில் இயங்க வேண்டிய பிரிவு உருவாக்கப்படுகிறது.

இத்துடன் பணி முடிந்துவிடுவதில்லை. 'பாதுகாப்பான நிர்வாகம்' என்னும் ஏற்பாட்டையும் இயக்கிட வேண்டும். அதன் பின்னர் நிர்வாக சர்வரும் கணுக்களும் மின்னணுச் சான்றிதழ்களைக் காட்டி ஒன்றையொன்று அடையாளம் கண்டு, மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் மட்டுமே பேசிக்கொள்ளும். நிர்வாகியின் கடவுச்சொல் வெறுமையாக இருப்பின் இவ்வேற்பாட்டை இயக்க மென்பொருள் மறுத்துவிடும். சான்றிதழ்களைக் காக்கும் தலைமைக் கடவுச்சொல்லாகத் தொடக்கத்தில் அமைந்திருப்பது, 'இதை மாற்றுக' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகும். உலகறிந்த அச்சொல்லை மாற்றாமல் விடுவது, கருவூலத்தின் பூட்டில் சாவியைத் தொங்கவிட்டுச் செல்வதற்கு ஒப்பாகும்.

வசதியும் அபாயமும்

ஓரிடத்திலிருந்து அனைத்துக் கணுக்களையும் ஆளும் வசதி, தவறானவர் கையில் சிக்கினால் அனைத்தையும் ஒருங்கே முடக்கும் ஆற்றலாகிவிடும். 2022 நவம்பர் 23 அன்று புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் கணிப்பொறி அமைப்பு இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. நோயாளிகளின் பதிவு உள்ளிட்ட பணிகளைப் பல நாட்களுக்குக் கையாலேயே செய்ய நேர்ந்தது. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாததே காரணமென அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. விடியற்காலையில் வந்து வரிசையில் நின்ற நோயாளியே இதன் சுமையைத் தாங்கினார்.

இதிலிருந்து பெறத்தக்க படிப்பினைகள் தெளிவானவை. நிர்வாக வாயில், பொதுமக்கள் பயன்படுத்தும் வாயிலிலிருந்து பிரிக்கப்பட்ட வலையமைப்பில் இருத்தல் வேண்டும். கிளாஸ்ஃபிஷ் நிர்வாகத்துக்கு வழக்கமாகப் பயன்படும் 4848ஆம் எண் வாயிலை இணையத்துக்குத் திறந்து வைக்கலாகாது. ஒரே சாவியைப் பலர் பகிர்ந்து கொள்வது தவறு. அவ்வாறு செய்தால் யார் எதைச் செய்தார் என்பதை அறிய வழியில்லை. பணிமாற்றம் பெற்றவரின் அலுவலகச் சாவியைத் திரும்பப் பெறுவதைப் போலவே, அவருடைய பொதுச் சாவியையும் எல்லாக் கணுக்களிலிருந்தும் அன்றே நீக்கிவிட வேண்டும்.

இந்தியக் கணிப்பொறி அவசரகால மீட்புக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைகளின்படி, இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இயக்கப் பதிவுகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும். கணிப்பொறிகளின் கடிகாரங்களும் பொது நேரத்துடன் ஒத்திருக்க வேண்டும். பல கணுக்களின் பதிவுகளை ஒப்பிட்டு, நடந்ததை வரிசையாக அறிய இந்நேர ஒற்றுமை இன்றியமையாதது.

இவ்வேற்பாடுகளுக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. கவனமும் ஒழுங்குமே தேவை. மக்களின் ஆவணங்கள் ஒப்படைக்கப்பட்டுள்ள கணிப்பொறிகளுக்குச் சாவி வைத்திருப்பவர், அம்மக்களின் நம்பிக்கைக்கும் காவலராவார். இப்பொறுப்பை உணர்ந்து செயல்படும்போதுதான் கணிப்பொறியின் விரைவு மக்களுக்கு முழுப் பயன் அளிக்கும்.