கம்பத்து வீடு கற்றுத்தரும் பாடம்



நோன்புப் பெருநாளன்று பக்கத்துக் கம்பத்தில் உள்ள மலாய் நண்பர்களின் வீட்டுக்குப் போய் வருவது நம்மில் பலருக்கு வழக்கம். நல்ல உச்சி வேளை. வெளியே வெயில் கொளுத்துகிறது. ஆனால் படியேறிப் போய்ப் பாயில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்குள் வியர்வை அடங்கிவிடுகிறது. மின்விசிறிகூடச் சுற்றவில்லை. கெத்துப்பாட்டும் ரெண்டாங்கும் சாப்பிட்டுவிட்டு நம் வீட்டுக்குத் திரும்பி வந்து கதவைத் திறக்கிறோம். அடுப்பு வாயில் முகத்தைக் காட்டியது போல் அனல் அடிக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மைல் தூரம்கூட இல்லை. அதே வானம், அதே வெயில். அப்படியிருக்க, ஏன் இந்த வேற்றுமை?

"அது அத்தாப்பு வீடு, அதனால் குளிர்ச்சி" என்று சொல்லிவிடலாம். அது பாதி விடைதான். பழைய மலாய் வீட்டில் தரையிலிருந்து கூரை முகடு வரை ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களைத் தெரிந்துகொண்டால், நாம் இன்று குடியிருக்கும் கல்வீட்டிலும் சிலவற்றைச் செய்துகொள்ள முடியும். அதனால்தான் இன்றைய உரைக்கு இந்தப் பொருளை எடுத்துக்கொண்டோம்.

முதலில் நம் நாட்டின் தட்பவெப்ப நிலையைப் பார்ப்போம். தீபகற்ப மலேசியா பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 1 பாகையிலிருந்து 7 பாகை வரை பரவிக் கிடக்கிறது. அதனால் ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் ஏறக்குறைய தலைக்கு மேலிருந்தே விழுகிறது. சமவெளிகளில் பகலில் 32, 33 பாகை செல்சியஸ், இரவில் 23, 24 பாகை என்பது சாதாரணம். சில நாட்களில் அதற்கு மேலும் ஏறுவதுண்டு. பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 பாகை பதிவாயிற்று.

ஆனால் நம்மை வாட்டுவது வெப்பம் மட்டும் அல்ல, காற்றிலுள்ள ஈரமும்தான். ஜாடியில் உப்பு கசிந்து நிற்பதை நம் வீட்டுப் பெண்கள் நன்கு அறிவார்கள். அந்த உப்பைக் கசிய வைக்கும் ஈரம்தான் நம் வியர்வையையும் உலர விடாமல் தடுக்கிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். கொடியில் போட்ட துணி காற்றடிக்கும் நாளில் சீக்கிரம் காய்கிறது. காற்றில்லாத நாளில் மாலை வரை ஈரமாகவே தொங்குகிறது. நம் உடம்பும் அந்தத் துணியைப் போலத்தான். ஆகவே நம் நாட்டில் ஒரு வீட்டுக்கு வேண்டியவை மூன்று: வெயில் உள்ளே வரக்கூடாது, காற்று தடையின்றிப் போய்வர வேண்டும், மழை நனைக்கக்கூடாது. பழைய மலாய்த் தச்சர்கள் இந்த மூன்றையும் மனத்தில் வைத்தே வீட்டைக் கட்டினார்கள்.

முதலில் வீட்டின் கால்களைப் பாருங்கள். வீடு தரையில் அமராமல் மரத்தூண்களின் மேல் நிற்கிறது. தரையை ஒட்டி வீசும் காற்றைப் புதரும் செடியும் தடுக்கும். சில அடி மேலே போனால் காற்று வேகமாக வரும். தூக்கிக் கட்டிய வீடு அந்தக் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. தரையின் ஈரம் மேலே ஏறுவதில்லை. பாம்பும் தேளும் சுலபமாக உள்ளே நுழைவதில்லை. தூணைக்கூட மண்ணில் புதைக்காமல், பெரும்பாலும் ஒரு கல்லின் மேல் நிறுத்துகிறார்கள். மரம் ஈரத்தில் இற்றுப் போகாமல் இருக்கவும், கறையான் ஏறினால் கண்ணில் படவும் இது உதவுகிறது. வீட்டுக்கு அடியில் இருக்கும் நிழலும் வீணாவதில்லை. விறகு, தேங்காய், சைக்கிள் எல்லாம் அங்கேதான் இருக்கும். பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிழக்குக் கரை மாநிலங்களில் ஆறுகள் கரை புரள்வது நமக்குத் தெரியும். முழங்கால் அளவு, இடுப்பளவு வெள்ளம் வீட்டுக்கு அடியில் ஓடி வடிந்துவிடும். பாயும் தலையணையும் நனையாமல் மேலே இருக்கும். ஆனால் எந்த வெள்ளத்தையும் தாங்கும் என்று சொல்லிவிட முடியாது. 2014 டிசம்பரில் கிளந்தானில் வந்த பெருவெள்ளம் குவாலா கிராய் வட்டாரத்தில் பல மரவீடுகளை அடித்துக்கொண்டு போயிற்று. வழக்கமாக வரும் வெள்ளத்துக்கு ஏற்ற உயரம், வழக்கத்தை மீறிய வெள்ளத்துக்குப் போதவில்லை.

அடுத்தது சுவரும் சன்னலும். மலாய் வீட்டுச் சன்னலில் நாம் கவனிக்கத் தக்க ஒன்று உண்டு. பல வீடுகளில் அது தரைமட்டத்திலிருந்தே தொடங்குகிறது; பிள்ளைகள் விழுந்துவிடாதபடி கீழ்ப்பாதியில் சிறு கம்பிகளோ மரச் சட்டங்களோ இருக்கும். ஏன் இப்படி? அந்த வீட்டில் உட்காருவதும் உண்பதும் உறங்குவதும் பாயில்தான். காற்று தலைக்கு மேலே போய்விட்டால் யாருக்குப் பயன்? உட்கார்ந்திருப்பவர் முகத்திலும் படுத்திருக்கும் குழந்தையின் மேலும் பட வேண்டும் அல்லவா? உள்ளே தடுப்புச் சுவர்களும் குறைவு. ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் வெளியேற வழி இருக்கிறது. கதவுக்கும் சன்னலுக்கும் மேலே பூவும் கொடியுமாகச் செதுக்கிய பலகைகள் அழகுக்கு மட்டும் இல்லை. சன்னலைச் சாத்திய பிறகும் அந்தத் துளைகளின் வழியே காற்று போய்வரும்.

சுவர் எதனால் ஆனது என்பதும் முக்கியம். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் நெடுநேரம் சுடுகிறது. பக்கத்திலிருக்கும் மூங்கில் முறத்தைத் தொட்டால் சுடுவதில்லை. செங்கல்லும் சிமெண்டும் தோசைக்கல்லின் இனம். பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் அந்தச் சூட்டை வீட்டுக்குள் விடும். பலகைச் சுவரும் பின்னிய மூங்கில் தட்டியும் சூட்டைச் சேர்த்து வைப்பதில்லை. பொழுது சாய்ந்ததும் வீடும் குளிர்ந்துவிடுகிறது. குவாலா கங்சாரில் 1926இல் கட்டி முடித்த இஸ்தானா கெனாங்கான் அரண்மனைக்குச் சுவர் பின்னிய மூங்கில்தான். அரசருக்காகக் கட்டிய மாளிகைக்கும் இந்தச் சுவரே ஏற்றது என்று அந்நாளில் கருதினார்கள்.

மூன்றாவது கூரை. தலைக்கு மேலிருந்து விழும் வெயிலை முதலில் தாங்குவது அதுதான். நீப்பா, ரும்பியா ஓலைகளைத் தைத்து அடுக்கிய அத்தாப்பு சூட்டைக் கீழே இறங்க விடுவதில்லை. கூரை செங்குத்தாக இருப்பதால் மழைநீர் தங்காமல் ஓடிவிடும். முகட்டின் இரு முனைகளிலும் முக்கோண வடிவப் பலகை ஒன்று இருக்கும். அதற்குத் தெபார் லாயார் என்று பெயர். சூடான காற்று எப்போதும் மேலே ஏறும். அப்படி ஏறிய காற்று இந்தப் பலகையின் இடைவெளிகள் வழியே வெளியே போய்விடும். இறவாரம் நீண்டு தாழ்ந்திருப்பதால் சுவரில் வெயில் விழாது. மழை பெய்யும்போதும் சன்னலைத் திறந்து வைக்கலாம். நம் வீடுகளில் மழை வந்தால் முதல் வேலை என்ன? ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்துவதுதானே!

வீட்டைச் சுற்றியுள்ள இடமும் வீட்டைச் சேர்ந்ததே. தென்னை உயரத்தில் நிழல் தந்து, கீழே காற்றுக்கு வழி விடுகிறது. வீடுகளும் ஒரே நூல் பிடித்த வரிசையில் நிற்பதில்லை. முன்வீடு பின்வீட்டுக் காற்றை அவ்வளவாக மறைப்பதில்லை.

இனி, இந்த வீட்டை எப்படிக் கட்டினார்கள் என்று பார்ப்போம். மரமும் மூங்கிலும் ஓலையும் சுற்றுவட்டாரத்திலேயே கிடைத்தன. தூணுக்குச் செங்கால் போன்ற உறுதியான மரம். மரத்தோடு மரத்தைப் பொருத்தும் இணைப்புக்குத் தங்காம் என்று பெயர். அதற்கு ஆணி வேண்டாம், ஆப்பு போதும். நெகிரி செம்பிலானில் உள்ள ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனை 1902இல் தொடங்கி 1908இல் கட்டி முடிக்கப்பட்டது. 99 தூண்கள் தாங்கும் அந்த மர மாளிகையை ஆணி இல்லாமல் கட்டினார்கள். ஆணி இல்லாத இணைப்பினால் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். முழு வீட்டையுமே பிரித்து வேறிடத்தில் மறுபடி கட்டலாம். சிறிய வீடானால், ஊரார் கோத்தோங் ரோயோங்காகக் கூடித் தோளில் சுமந்து கொண்டுபோய் வைப்பதும் உண்டு.

கையில் காசு இருக்கும் அளவுக்குத்தான் முதலில் கட்டுவார்கள். ரூமா ஈபு என்னும் தாய்வீடு, அதன் பின்னால் ஓர் அடுப்படி. மகனுக்கோ மகளுக்கோ கலியாணம் ஆனால் இன்னொரு பகுதியைச் சேர்ப்பார்கள். கடன்பட்டுப் பெரிய வீட்டை ஒரே நாளில் கட்டி, ஆயுள் முழுவதும் தவணை கட்டும் தொல்லை அதில் இல்லை. லிம் ஜீ யுவான் என்பவர் மலாய் வீட்டை நன்கு ஆராய்ந்து 1987இல் பினாங்கில் ஒரு நூல் வெளியிட்டார். குடும்பத்தோடு சேர்ந்து வளரும் இந்த முறையை அவர் அதில் விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார்.

அப்படியானால் ஏன் கம்பத்து மக்களே அத்தாப்பை விட்டுத் தகரத்துக்கு மாறினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அத்தாப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். தீப்பற்றினால் நொடியில் எல்லாம் போய்விடும். ஓலை தைக்கும் கைகளும் குறைந்துவிட்டன. நல்ல மரத்தின் விலையோ ஏறிவிட்டது. தகரம் நெடுநாள் உழைக்கும். நம் லயங்களிலும் அதே கதைதான் நடந்தது. அத்தாப்பின் இடத்தில் தகரம் வந்தது, ஒழுகல் நின்றது, அனல் தொடங்கியது. ஆகவே எல்லாரும் அத்தாப்பு வீட்டுக்குத் திரும்புங்கள் என்று நாம் சொல்லவில்லை. வீட்டை அப்படியே பின்பற்ற முடியாது. அது கட்டப்பட்ட காரணத்தைப் பின்பற்றலாம்.

இன்று நம் குடும்பங்களில் பல தோட்டத்தை விட்டு வெளியேறி வரிசை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியிருக்கின்றன. அரும்பாடுபட்டுச் சேமித்து ஒரு வீடு வாங்கியதும் நாம் செய்யும் முதல் வேலை என்ன? பின்புறத் திறந்தவெளியை மூடி அடுப்படியைப் பெரிதாக்குகிறோம். முன்புறத்துக்குச் சிமெண்டு போடுகிறோம். வரிசை வீட்டுக்கு இரு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். காற்றுக்கு முன்னும் பின்னும் மட்டும்தான் வழி. பின்வழியை அடைத்துவிட்டால் முன்வழியாகவும் காற்று வராது. போகும் வழி இல்லாத காற்று வரவும் செய்யாது. பிறகு புழுக்கம் தாங்காமல் குளிர்சாதனம் வாங்குகிறோம். மாதந்தோறும் மின்சாரக் கட்டணமும் கட்டுகிறோம்.

ஆகவே வீட்டை விரிவாக்கும் முன் சிலவற்றை எண்ணிப் பாருங்கள். பின்சுவரில் எதிரும் புதிருமாகக் காற்று வழி விடச் சொல்லுங்கள். சுவரின் மேற்பகுதியில் துளையுள்ள கற்களை வைக்கச் சொல்லுங்கள். அவற்றுக்குக் கம்பி வலை அடித்தால் ஏடிஸ் கொசுவும் வராது. தகரத்துக்குக் கீழே ஓர் உட்கூரை போட்டு, இரண்டுக்கும் நடுவே சேரும் சூடு வெளியே போக இரு முனைகளிலும் துளை விடுங்கள். அதுவே உங்கள் தெபார் லாயார். தகரத்தின் மேல் வெள்ளைச் சாயம் பூசினாலும் சூடு குறையும். மாலை வெயில் விழும் மேற்குச் சுவருக்கு எதிரே ஒரு பந்தல் போட்டு அவரையோ பீர்க்கையோ படர விடுங்கள். சுவருக்கு நிழல், சட்டிக்குக் காய். முற்றம் முழுவதையும் சிமெண்டால் மூடாமல் கொஞ்சம் மண்ணும் புல்லும் விட்டு வையுங்கள். குடியிருப்பது தோட்ட நிர்வாகத்தின் வீடானால், எதையும் மாற்றுவதற்கு முன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பந்தல் போடப் பெரிய செலவு இல்லை. மாலையில் சன்னலைத் திறந்து பகல் சூட்டை வெளியேற்றச் செலவே இல்லை.

புழுக்கம் சிறிய விஷயம் அல்ல, நேயர்களே. அதிகாலையில் எழுந்து பால் வெட்டவோ செம்பனைக் குலை இறக்கவோ போகிறவருக்கு இரவுத் தூக்கம்தான் மறுநாள் உழைப்பின் முதல். அனல் வீட்டில் முதலில் வாடுவது கைக்குழந்தையும் வயதான பாட்டியும்தான். பாடம் படிக்கும் பிள்ளைக்கும் காற்று வேண்டும்.

அடுத்த பெருநாளுக்குக் கம்பத்து நண்பர் வீட்டுக்குப் போகும்போது, பழைய மரவீடாக இருந்தால் ஒரு முறை அண்ணாந்து கூரையைப் பாருங்கள். குனிந்து தூணின் அடிக்கல்லைப் பாருங்கள். வீட்டுப் பெரியவரிடம் விசாரியுங்கள். மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார். பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் நமக்கு நன்மையே உண்டு. குறைவு ஒன்றும் இல்லை.