சிரிக்க வைத்தவர்களை அறிந்துகொள்வோம்

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நம்மை வாய்விட்டுச் சிரிக்க வைத்தவர்கள் யார் யார் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு பெயரோடு நின்றுவிடுகிறோம். சோ நாடகம் என்கிறோம். கிரேசி மோகன் நாடகம் என்கிறோம். அந்த ஒருவரோடு மேடையில் நின்ற மற்றவர்கள் யார், அவர்களுக்கு அந்தப் பெயர்கள் எப்படி வந்தன, எத்தனை ஆண்டு சேர்ந்து நடித்தார்கள் என்பதை நாம் கேட்பதே இல்லை.

எனக்கு இந்தக் கேள்வி எழுந்ததற்கு என் தொழிலும் ஒரு காரணமாக இருக்கலாம். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரயில் வந்து நின்றதும் எல்லோர் கண்ணும் என்ஜின் மேல்தான் போகும். வெயிலிலும் மழையிலும் பாதையைச் சரிபார்த்த கேங்மேனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நகைச்சுவை நாடகக் குழுவிலும் அப்படித்தான். ஆகவே இந்த இதழில் நான் ரசித்த ஒரு குழுவை, அதன் கேங்மேன்களோடு சேர்த்து, வாசக அன்பர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

வேடம் கொடுத்த பெயர்கள்

சென்னையில் சபா நாடகம் என்று ஒரு வகை உண்டு. உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா கட்டிச் சபாவில் சேருவார்கள். சபா அவர்களுக்கு மாதந்தோறும் கச்சேரி, நாடகம் என்று ஏற்பாடு செய்யும். இந்த நாடகங்களில் நடித்தவர்கள் பலரும் பகலில் அலுவலகம் போய் வந்தவர்கள். மாலையில் ஒத்திகை, சனி ஞாயிறில் மேடை. ஒய்.ஜி.பார்த்தசாரதியும் பட்டுவும் 1952-ல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்டிஸ்ட்ஸ் குழுவின் பெயரிலேயே 'அமெச்சூர்' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். பிழைப்புக்காக அல்ல, ஆசைக்காக நடித்தவர்கள் என்று பொருள்.

இந்த மேடைகளில் ஒரு வேடிக்கை உண்டு. பெற்றோர் வைத்த பெயரை வேடம் விழுங்கிவிடும். 'தேன்மொழியாள்' நாடகத்தில் சோ என்ற பாத்திரத்தில் நடித்த ராமசாமி, ஆயுள் முழுக்கச் சோவாகவே வாழ்ந்தார். அவர் எழுதிய 'இஃப் ஐ கெட் இட்' நாடகத்தில் காத்தாடி என்ற கார்ட்டூனிஸ்டாக நடித்த ராமமூர்த்தி, காத்தாடி ராமமூர்த்தி ஆனார். வேடத்தின் பெயர் ஒருவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டுமானால், பார்த்தவர்கள் அவரை அவ்வளவு நெருக்கமாக நினைத்திருக்க வேண்டும் அல்லவா?

ஒரு கல்லூரி மேடையில் தொடங்கியது

கிரேசி மோகன் 1952 அக்டோபர் 16-ல் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தார். 1972-ல் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்காக 'கிரேட் பேங்க் ராபரி' என்ற குறுநாடகத்தை எழுதி நடித்து, சிறந்த எழுத்தாளர், சிறந்த நடிகர் ஆகிய இரண்டு பரிசுகளையும் பெற்றார். அன்று சிறப்பு விருந்தினராக வந்திருந்த இளைஞர் கமல்ஹாசன். பின்னாளில் இருவரும் சேர்ந்து 'அபூர்வ சகோதரர்கள்', 'மைக்கேல் மதன காமராஜன்', 'அவ்வை சண்முகி', 'பஞ்சதந்திரம்' என்று கொடுத்த படங்களை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள்.

படிப்பு முடிந்ததும் மோகன் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். தம்பி பாலாஜி விவேகானந்தா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். தம்பியின் கல்லூரி மேடைக்கு அண்ணன் சின்னச் சின்ன நாடகங்கள் எழுதிக் கொடுத்தார். 1976-ல் எஸ்.வி.சேகரின் நாடகப்பிரியா குழுவுக்காக அவர் எழுதிய முதல் முழுநீள நாடகம் 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்'. அந்தத் தலைப்பின் முதல் சொல்லே அவருக்குப் பட்டமாயிற்று. 1979-ல் கிரேசி கிரியேஷன்ஸ் என்ற சொந்தக் குழு பிறந்தது. அவருடைய 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தைத்தான் கே.பாலசந்தர் 1983-ல் 'பொய்க்கால் குதிரை' என்று படமாக்கினார்.

குழுவில் யார் யார்?

எண்பதுகளில் சில ஆண்டுகள் எனக்குச் சென்னைப் பக்கம் போஸ்டிங். அப்போது ஓடிய மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் மாம்பலத்தில் இறங்கி, வாணி மகாலுக்கு நடந்து போய் நாடகம் பார்த்தவன் நான். முதல் முறை கதையைப் பார்த்தேன். இரண்டாம் முறை வசனத்தைக் கேட்டேன். மூன்றாம் முறைதான் ஆட்களைக் கவனித்தேன்.

நடுநாயகம் மாது. அந்த வேடத்தில் எப்போதும் பாலாஜிதான். இந்தக் குழுவின் நாடகங்களில் கதை எதுவானாலும் நாயகன் பெயர் மாதுதான். ஆகவே அவரும் மாது பாலாஜி ஆனார். எதிலாவது மாட்டிக்கொள்வது மாதுவின் வேலை. மாட்டிக்கொண்டதை ஒப்புக்கொள்ளாமல் ஒரு பொய் சொல்லி, அதைக் காப்பாற்ற இன்னொரு பொய் சொல்லி, கடைசியில் மூச்சு முட்டுகிறவர் அவர்.

மாதுவுக்கு ஒரு நண்பன் உண்டு, பெயர் சீனு. அந்த வேடத்தில் நடித்தவர் சீனு மோகன். மாது பதறுவார், சீனு நிதானமாக யோசனை சொல்லுவார். அந்த யோசனையால் விவகாரம் இரண்டு மடங்காகும். சத்தம் போடாமல் சிரிக்க வைப்பது கடினமான கலை. அது அவருக்குக் கைவந்திருந்தது. மேடையில் மட்டும் பார்த்தவர்கள் 2016-ல் வந்த 'இறைவி' படத்தில் அவருடைய குணச்சித்திர நடிப்பைக் கண்டு வியந்தார்கள்.

அப்பா ரமேஷுக்கு அந்தப் பெயர் வந்த விதத்தை விளக்க வேண்டியதில்லை. மாதுவை அதட்டி உருட்டுவதே தொழில். நீலு என்கிற நீலகண்டன் இவர்களுக்கெல்லாம் மூத்தவர். சோவின் விவேகா பைன் ஆர்ட்ஸ் குழுவில் நடித்துப் பேர் வாங்கிவிட்டு, வயதான காலத்தில் இந்தக் குழுவிலும் வந்து சேர்ந்தார். ஒரு தலைமுறையின் மேடையனுபவம் அடுத்த தலைமுறைக்கு வந்து சேருவது இப்படித்தான். மேடைக்குப் பின்னால் இருந்து இவர்களை இயக்கியவர் எஸ்.பி.காந்தன். வசனம் மழையாகக் கொட்டும்போது யார் எங்கே நிற்பது, யார் எப்போது உள்ளே வருவது என்று ஒழுங்கு செய்தவர் அவர்.

நாயகி எப்போதும் ஜானகி. நடிகைகள் மாறினாலும் பாத்திரத்தின் பெயர் மாறாது. சிறுவன் மோகனை முதன்முதலில் மேடையேற்றிய பள்ளி ஆசிரியையின் பெயர் ஜானகி. அந்த நன்றிக்காகத்தான் அவர் தம் நாயகிகளுக்கு அந்தப் பெயரை வைத்தார். 'அபூர்வ சகோதரர்கள்', 'மகளிர் மட்டும்', 'அவ்வை சண்முகி' படங்களிலும் ஜானகி வருவதைப் பார்த்திருப்பீர்கள். குருதட்சிணையை இவ்வளவு காலம், இவ்வளவு பேர் முன்னிலையில் கொடுத்த மாணவர் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் 1969-ல் தொலைக்காட்சிக்கு வந்த 'மாண்டி பைத்தான்' குழுவிலும் ஆறே பேர்தான். ஒருவர் மருத்துவம் படித்தவர். அவர்களில் பெரும்பாலோர் ஒரே நிகழ்ச்சியில் பல வேடம் போட்டு ஆளே தெரியாமல் மாறுவார்கள். நம் குழுவில் இது தலைகீழ். நாடகம் மாறும், ஆள் மாறமாட்டார். திரை விலகியதும் நம் வீட்டு ஆட்களைப் பார்த்தது போல் ஜனங்கள் கைதட்டியதற்கு அதுதான் காரணம்.

இடைவெளியின் அருமை

தண்டவாளத் துண்டுகளைப் பூட்டும்போது இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விடுவோம். வெயிலில் இரும்பு நீளும். அதற்கு இடம் விடாவிட்டால் பாதை வளைந்துவிடும். இடைவெளி அதிகமானாலோ வண்டி தூக்கிப் போடும். நகைச்சுவை வசனமும் அதே கணக்குத்தான். ஒரு சிரிப்பு அடங்கும் முன் அடுத்த வசனத்தைச் சொன்னால் அது யார் காதிலும் விழாது. முழுக்க அடங்கிய பின் சொன்னால் சூடு ஆறிவிடும்.

இந்த இடைவெளியை எழுதுகிறவர் தாளில் எழுதிக் கொடுக்க முடியாது. கூட நடிப்பவரின் மூச்சை அறிந்தவர்தான் விட முடியும். மாதுவும் சீனுவும் பல ஆண்டுகள் சேர்ந்து நின்றதால் வந்த வித்தை அது. ஒலிநாடாவில் கேட்டாலே தெரியும். முகம் தெரியாது, மேடை தெரியாது, ஆனாலும் சிரிப்பு வரும்.

2018 மே 10-ல் நீலு காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 27-ல் சீனு மோகன். 2019 ஜூன் 10-ல் கிரேசி மோகன். பதின்மூன்று மாதத்துக்குள் மூன்று பேர். மாதுவுக்கு எழுதிக் கொடுத்த அண்ணனும் இல்லை, யோசனை சொன்ன சீனுவும் இல்லை. இனி இந்தக் குழு அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். ஆனால் பாலாஜி நாடகங்களைத் தொடர்ந்து மேடையேற்றினார். சிரிக்க வைப்பவர்களின் துக்கம் நமக்குத் தெரிவதில்லை. அதைத் தெரியாமல் வைத்துக்கொள்வதும் அவர்கள் தொழிலில் ஒரு பகுதிதான்.

நம் சாம்பியன் ரீப்ஸ் மேடை

இதையெல்லாம் படித்துவிட்டு, சென்னைக்காரர்கள் கதை நமக்கு எதற்கு என்று யாரும் கேட்க வேண்டாம். நம் தங்கவயலிலும் ஷிப்டு முடிந்து வந்து வேடம் கட்டியவர்கள் உண்டு. வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து வந்த நம் முன்னோர் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்தவர்கள். ஏர் பிளாஸ்ட் அடித்தால் லைன் வீடுகளில் பாத்திரம் உருளும். யார் வீட்டு ஆள் என்று தெரியும்வரை அடுப்பு எரியாது. அப்படிப்பட்ட ஊருக்குச் சிரிப்பு பொழுதுபோக்கு மட்டுமல்ல.

என் சிறுவயதில் சாம்பியன் ரீப்ஸ் பொங்கல் விழாவில் நடந்த ஒரு கால்மணி நேரக் கூத்து இன்றும் நினைவிருக்கிறது. பெண் வேடம் போட்டவர் வைண்டிங் டிரைவர். கூண்டை இறக்கி ஏற்றும் என்ஜின் அவர் கையில். இரவில் அவர் சேலை கட்டி நடந்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள், விடிந்ததும் அவரை நம்பித்தான் சுரங்கத்தில் இறங்கினார்கள்.

அந்தக் கூத்தில் ஒரு காட்சி. ஊரிலிருந்து புதிதாக வந்த ஆள் டைம் ஆபீசில் நிற்கிறான். கன்னடக் குமாஸ்தா, "நின்ன ஹெசரு ஹேளு" என்கிறார். உன் பெயரைச் சொல் என்று அர்த்தம். இவன் காதில் அது 'ஏழு' என்று விழுகிறது. "ஏழா? எங்கப்பன் எனக்கு ஒரே பேருதாங்க வச்சாரு!" என்கிறான். கன்னடத்திலும் ஏழுக்கு 'ஏளு' என்றே பெயர். ஆகவே முன்வரிசையில் இருந்த கன்னட நண்பர்களும் நம்மவர்களோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பெங்களூரில் வளரும் என் பேரனிடம் சென்ற ஆண்டு இதைச் சொன்னேன். நன்றாகத் தமிழ் பேசுகிற பிள்ளை. ஆனால் எண்ணுவது ஆங்கிலத்தில். கவனமாகக் கேட்டுவிட்டு, "ஏழுன்னா செவனா, எய்ட்டா தாத்தா?" என்றான். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பலரும் பெங்களூருக்கும் வெளியூர்களுக்கும் போய்விட்டோம். தமிழ் இலக்கணத்தைப் புத்தகம் வாங்கியாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஒரு வார்த்தை இரண்டு அர்த்தமாகத் திரும்பும்போது சட்டென்று சிரிக்கிற காதை எந்தப் புத்தகமும் கொடுக்காது. பக்கத்தில் நாலு பேர் சிரித்தால்தான் அது வரும். மோகனின் நகைச்சுவை முழுவதும் அந்தக் காதை நம்பி எழுதப்பட்டது. வெண்பா எழுதுவதில் பேரார்வம் கொண்டவர் அவர். வார்த்தையின் எடை தெரிந்துதான் அதைப் புரட்டிப் போட்டார்.

ஆகவே சங்கச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டு நடனங்களுக்கு நடுவே குறுநாடகத்துக்குக் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். ஐந்து பேர் போதும். ஆறு வாரம், வாரம் ஒருநாள் மாலை ஒத்திகை போதும். காட்சி ஜோடனை வேண்டாம், இரண்டு நாற்காலியும் ஒரு மேசையும் இருந்தால் சரி. பிள்ளைகளில் இருவராவது அதில் பேச வேண்டும். அவர்கள் வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தாலும் முதல் ஆண்டு பொறுத்துக்கொள்வோம். ஆனால் தம் வசனத்தின் அர்த்தம் தெரியாமல் யாரும் மேடையேறக்கூடாது. அது மட்டும் கட்டாயம்.

விழா அழைப்பிதழில் எழுதியவர் பெயரோடு நிறுத்திவிடாமல் நடித்த அத்தனை பேரின் பெயரையும் அச்சிடுங்கள். திரை இழுத்தவர் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.