கூரையில் ஒரு காவல்காரன்

ஜவுளிக் கடைக்குக் குடும்பத்தோடு போகும் புருஷர்களுக்கு அங்கே ஒரே ஒரு வேலைதான் உண்டு. அது காத்திருக்கும் வேலை. சென்னை தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் மூன்றாவது மாடியில் அந்த உத்தியோகத்தை நான் சமீபத்தில் இரண்டரை மணி நேரம் பார்த்தேன். எதிரே பட்டுப் புடவைகள் மலைபோல் குவிந்துகொண்டிருந்தன. அவற்றின் பக்கம் பார்வையைச் செலுத்துவதில் ஓர் அபாயம் இருக்கிறது. "எது நன்றாயிருக்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்டுவிடுவார்கள். ஆகையால், எல்லாவற்றிலும் பத்திரமான திசை எதுவோ அதை நோக்கினேன். அதாவது, அண்ணாந்து கூரையைப் பார்த்தேன்.

கூரையில் வரிசை வரிசையாகப் பித்தளை நிறத்தில் சிறு குமிழ்கள் தொங்கின. ஒவ்வொன்றின் நடுவிலும் சுண்டு விரலின் ஒரு கணு அளவுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் குங்குமம் கரைத்தது போல் சிவப்புத் திரவம். ஏணியின்மேல் நின்றுகொண்டு ஓர் இளைஞர் அந்தக் குமிழ்களை ஒவ்வொன்றாகக் கவனித்துக் கையிலிருந்த புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். அவர் இறங்கி வந்ததும் பேச்சுக் கொடுத்தேன்.

"இது என்ன தம்பி, அலங்காரமா?"

"இல்லை, ஸார். காவல்காரன். இருபத்து நாலு மணி நேரமும் தூங்காத காவல்காரன்" என்றார்.

அந்த இளைஞர் தொழிற் பயிற்சி நிலையத்தில் பிட்டர் வேலை கற்றவர். பிறகு தீயணைப்புச் சாதனங்களைக் கட்டிடங்களில் பொருத்தி, அவை சரியாக வேலை செய்கின்றனவா என்று பரீட்சை செய்து ஒப்படைக்கும் தொழிலில் பயிற்சி பெற்றவர். அன்று அவரிடம் நான் கேட்டறிந்த விஷயங்கள் புடவைகளைக் காட்டிலும் எனக்கு ருசிகரமாக இருந்தபடியால், நேயர்களுக்கும் சொல்லத் துணிகிறேன்.

குப்பியின் ரகசியம்

அந்தக் குமிழுக்கு 'ஸ்பிரிங்க்ளர்' என்று பெயர். அதற்குப் பின்னால் இருக்கும் குழாயில் எந்நேரமும் தண்ணீர் அழுத்தத்துடன் நிரம்பி நிற்கிறது. தண்ணீர் வெளியே வராமல் ஒரு சிறு மூடி தடுக்கிறது. அந்த மூடி விழாமல் கண்ணாடிக் குப்பி முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கீழே தீப்பற்றி அனல் மேலே சென்றால், குப்பியிலுள்ள திரவம் சூடேறி விரிகிறது. சிவப்புக் குப்பியானால் 68 டிகிரி சென்டிகிரேடில் கண்ணாடி உடைகிறது, மூடி விழுகிறது, தண்ணீர் பாய்ந்து, கீழேயுள்ள பல் வைத்த தகட்டில் மோதிக் குடை விரித்தாற்போல் சிதறிப் பொழிகிறது. மின்சாரமும் வேண்டாம், மனிதனும் வேண்டாம்.

குப்பியின் நிறத்திலேயே அதன் குணம் எழுதப்பட்டிருக்கிறது. ஆரஞ்சு 57 டிகிரியில் உடையும், மஞ்சள் 79, பச்சை 93, நீலம் 141. அடுப்பும் கொதிகலனும் உள்ள உஷ்ணமான இடங்களில் பச்சையையோ நீலத்தையோ பொருத்துவார்கள். இல்லாவிட்டால் சமையற்காரர் தோசை வார்க்கும்போதே மழை பெய்துவிடும்!

சினிமாக்களில் ஒருவன் தீக்குச்சியைக் கிழித்துக் காட்டியவுடன் கட்டிடம் முழுவதும் தண்ணீர் கொட்டுவதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். சாதாரணமான ஸ்பிரிங்க்ளர் அமைப்பில் அப்படி நடப்பதில்லை. எந்தக் குப்பிக்கு அனல் எட்டுகிறதோ அது மாத்திரம் திறக்கும். பெரும்பாலான தீயை நாலைந்து குமிழ்களே அடக்கிவிடுகின்றன. புகையினால் அவை திறக்கமாட்டா. சாதாரணக் குமிழ் ஒன்று, ஒரு பார் அழுத்தத்தில் நிமிஷத்துக்கு 80 லிட்டர், அதாவது சுமார் ஐந்து குடம் தண்ணீர் பொழியும். தண்ணீரை இரண்டு பங்காக்க வேண்டுமானால் அழுத்தத்தை நாலு பங்காக்க வேண்டும். குழாயின் அளவையும் பம்பின் வலிமையையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள்.

பியானோ தொழிற்சாலையில் பிறந்தது

இந்தச் சாதனம் நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவின் பஞ்சாலைகளில் முன்பு துளையிட்ட குழாய்களைக் கூரையில் பதித்து, தீப்பிடித்தால் யாராவது ஓடிப்போய் வால்வைத் திறக்கும்படி வைத்திருந்தார்கள். தானாகவே திறக்கும் குமிழுக்கு 1874-ஆம் வருஷத்தில் உரிமைப் பத்திரம் பெற்றவர் ஹென்றி பார்மலீ என்பவர். நியூ ஹேவன் நகரிலிருந்த தமது பியானோ தொழிற்சாலையைக் காப்பாற்றுவதற்காக அவர் அதைச் செய்தார். பிரெடரிக் கிரின்னெல் என்பவர் அதைப் பெரிதும் செம்மைப்படுத்தினார்.

ஆனால், உபாயம் உலகில் இருப்பது வேறு. அது நம் தலைக்கு மேல் இருப்பது வேறு. 1911-ஆம் வருஷம் மார்ச் மாதம் 25-ந் தேதி நியூயார்க் நகரில் 'டிரையாங்கிள்' சட்டைத் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தபோது 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தையல் வேலை செய்த இளம் பெண்கள். ஸ்பிரிங்க்ளர் பிறந்து முப்பத்தாறு வருஷங்களுக்கு மேலாகியிருந்தும் அந்தக் கட்டிடத்தில் அது இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? இதே தியாகராய நகரில் 2017-ஆம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி ஒரு பெரிய ஜவுளிக் கடையில் பற்றிய தீ ஒரு நாளுக்கு மேல் எரிந்ததும், கடைசியில் அந்தக் கட்டிடத்தையே இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று என்பதும் சென்னைவாசிகள் மறக்கக்கூடியதன்று.

எல்லாத் தீக்கும் தண்ணீர் ஆகாது

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் அதில் தண்ணீரை ஊற்றக்கூடாது என்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியும். கொதிக்கும் எண்ணெயில் விழும் ஜலம் ஒரு கணத்தில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலா பக்கமும் வீசிவிடும். ஆகவே ஹோட்டல் சமையலறைகளில் அடுப்புக்கு மேல் வேறொரு திரவத்தைத் தெளிக்கும் அமைப்பை வைக்கிறார்கள். பொட்டாசிய உப்புகள் கரைந்த அந்தத் திரவம் சூடான எண்ணெயோடு சேர்ந்து சோப்பு நுரையாக மாறி, தீயின்மேல் போர்வை போல் மூடிக்கொள்கிறது.

கம்ப்யூட்டர் யந்திரங்கள் நிறைந்த அறைகளில் வாயுவைப் பிரயோகிக்கிறார்கள். முன்னாளில் ஹாலான் என்ற வாயு பிரசித்தமாயிருந்தது. அது வானத்து ஓசோன் படலத்தைக் கெடுக்கிறதென்று, 1987-ல் ஏற்பட்ட மாண்ட்ரீல் உடன்படிக்கையின் கீழ் அதன் உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். கரியமில வாயுவும் தீயை அணைக்கும். ஆனால் அதற்கு வேண்டிய அளவை அறையில் நிரப்பினால் உள்ளே இருக்கும் மனிதரையும் அணைத்துவிடும். ஆதலால் வாயு பாயுமுன் எச்சரிக்கை மணி அடித்து, மனிதர்கள் வெளியேற அவகாசம் கொடுத்தாக வேண்டும். அந்த மணியையும் அவகாசத்தையும் சோதித்துப் பார்ப்பது பொருத்துகிறவரின் முக்கியமான கடமை.

பரீட்சை நாள்

"குழாயை மாட்டுவது பாதி வேலைதான், ஸார். மாட்டியது வேலை செய்யும் என்று ருசுப்படுத்துவது மற்றப் பாதி" என்றார் நண்பர்.

முதலில், குழாய்க்குள் தங்கிய மண், வெல்டிங் கசடு, சணல் நார் எல்லாம் போகும்படி தண்ணீரை வேகமாகப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். பிறகு அழுத்தப் பரீட்சை. அமெரிக்க விதிகளின்படி, சாதாரண அமைப்பானால் சதுர அங்குலத்துக்கு 200 ராத்தல் அழுத்தத்தை ஏற்றி இரண்டு மணி நேரம் நிறுத்த வேண்டும், முள் இறங்கக்கூடாது. அடுத்தது பம்புகள். குழாயின் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ள ஒரு சின்னப் பம்பு. தீயின்போது ஓட ஒரு பெரிய மின்சாரப் பம்பு. மின்சாரம் நின்றுவிட்டால் ஒரு டீஸல் பம்பு. பெரிய பம்பு தனக்குக் குறித்த அளவைப் போல் ஒன்றரை மடங்கு தண்ணீரைத் தள்ளும்போதும், குறித்த அழுத்தத்தில் நூற்றுக்கு 65 பங்காவது நிற்க வேண்டும்.

கடைசியில் மணிப் பரீட்சை. குழாய் வரிசையின் கடைக்கோடியில் ஒரு சிறு வால்வு இருக்கும். அதன் வாய் ஒரே ஒரு ஸ்பிரிங்க்ளரின் வாய் அளவுதான். அதைத் திறந்தால், ஒரு குப்பி உடைந்தால் எவ்வளவு தண்ணீர் ஓடுமோ அவ்வளவு ஓடும். அந்த ஓட்டத்தில் ஒரு கிளை, வடிகட்டியின் வழியாகச் சென்று ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, வெளிச் சுவரிலுள்ள மணி கணகணவென்று அடிக்க வேண்டும். விதி கொடுக்கும் அவகாசம் ஐந்து நிமிஷம்.

நண்பர் சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு ஒரு கதை சொன்னார். கடையின் பெயரையும் ஊரின் பெயரையும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு புதுக் கடை. மறுநாள் காலை திறப்பு விழா. இரவு பதினொரு மணிக்குக் கோடி வால்வைத் திறந்தார். தண்ணீர் வந்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷமும் ஆயிற்று. மணி அடிக்கவில்லை.

"தண்ணீர்தான் வருகிறதே, தம்பி! மணி அடித்து என்ன ஆகவேண்டும்? பந்தல் போட்டாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று. கையெழுத்தைப் போட்டுவிடு, மணியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் முதலாளி.

"ஐயா, வடிகட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார் இவர்.

கழற்றினால், உள்ளே ஒரு கைப்பிடிக் கசடு! வெல்டிங் துணுக்குகளும் சணல் நாரும் அடைத்துக்கொண்டிருந்தன. வடிகட்டி வரையில் இது வந்ததென்றால், குழாய்கள் கழுவப்படவேயில்லை என்று அர்த்தம். அதில் ஒரு துணுக்கு ஸ்பிரிங்க்ளரின் கழுத்தில் போய் உட்கார்ந்தால், குப்பி உடைந்தும் தண்ணீர் வராது. ஆனால், குழாய்களைக் கழுவியாயிற்று என்று தாளில் எழுதியிருந்தது.

"அந்தத் தாளில் இருந்த கையெழுத்து யாருடையது தெரியுமா, ஸார்? என்னுடையது. நாலு நாளைக்கு முன், ஆட்கள் 'கழுவியாயிற்று' என்று சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்று பார்க்காமல் போட்டுவிட்டேன்."

அதை முதலாளியிடம் அப்படியே ஒப்புக்கொண்டாராம். முதலாளி சத்தம் போட்டார், பிறகு கசடைக் கையில் வாங்கிப் பார்த்தார், பேசவில்லை. முகூர்த்தம் தவறாமல் மறுநாள் குத்துவிளக்கை ஏற்றினார்கள், பாலும் காய்ச்சினார்கள். ஆனால் வியாபாரம் தொடங்கியது மூன்று நாள் கழித்துத்தான். அதற்குள் எல்லாக் குழாய்களின் முனைகளையும் திறந்து, தண்ணீர் தெளியும்வரை கழுவி, மறுபடியும் எல்லாப் பரீட்சைகளும் செய்தார்கள். மணி அடித்தது. அன்று முதல், கண்ணால் பாராத வேலைக்குக் கையெழுத்துப் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறார்.

தச்சர் செய்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். தையற்காரர் தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்கலாம். இவர் செய்த வேலையோ, ஒரு நாளும் உபயோகப்படாமல் இருக்க வேண்டுமென்றே எல்லோரும் பிரார்த்திக்கும் வேலை. அதில் பொய் இருந்தால், அது வெளிப்படும் தினத்தில் திருத்துவதற்கு நேரம் இராது. அப்பேர்ப்பட்ட வேலையில் ஜனங்களுக்கு இருக்கும் ஒரே காப்பு, செய்தவரின் மனச்சாட்சிதான்.

நாம் செய்ய வேண்டியதும் கொஞ்சம் உண்டு. குமிழுக்கு வர்ணம் பூசக்கூடாது, தோரணம் கட்டக்கூடாது. அதற்குக் கீழே ஒன்றரை அடிக்குள் எந்தச் சாமானையும் அடுக்கக்கூடாது. அடுக்கு மாடி வீடுகளில் குடியிருப்போர், குழாயின் பிரதான வால்வு திறந்திருக்கிறதா என்று காரியதரிசியைக் கேட்க வேண்டும். ஸ்பிரிங்க்ளர் அமைப்புகள் தக்க சமயத்தில் கைவிடுவதற்கு முதல் காரணம், யாரோ வால்வை மூடிவிட்டு மறந்துபோனதுதான்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நண்பரின் பார்வை ஓர் அலமாரியின்மேல் சென்றது. அங்கே அட்டைப் பெட்டிகள் கூரையைத் தொடும்படி அடுக்கப்பட்டு, ஒரு குமிழை ஏறக்குறைய மறைத்திருந்தன. விற்பனையாளரைக் கூப்பிட்டு, "அண்ணே, இதை உடனே இறக்கிவிடுங்கள்" என்றார். பெட்டிகள் இறங்கின.

துரதிர்ஷ்டவசமாக, அவற்றில் இருந்தவை அதுவரை என் மனைவி பார்த்திராத புடவைகள்! இன்னும் முக்கால் மணி நேரம் கூரையைப் பார்க்கும்படி ஆயிற்று. ஆனாலும் இந்தத் தடவை நான் ஆட்சேபிக்கவில்லை.