நனைஞ்சாலும் எழுதுற பேனா எது?

போன எபிசோடில் எமர்ஜென்சி பையில் என்னென்ன வைக்கணும்னு பேசினோம். டார்ச், பவர் பேங்க், விசில், மாத்திரைன்னு வரிசையா சொல்லிட்டு, கடைசியில் "ஒரு பேனா"ன்னு முடிச்சுட்டேன். கேட்டுட்டு என் ஃப்ரெண்டு ஒருத்தன், "எந்தப் பேனாடா?"ன்னான். சிரிச்சுட்டு விட்டிருக்கலாம். ஆனா அந்தக் கேள்விக்குத் தப்பான பதில் என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.

2015 டிசம்பர் 1. அப்போ நான் காலேஜ். அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. நாங்க இருந்த முடிச்சூரில் தரைத்தளம் முழுக்கத் தண்ணி. கரன்ட் இல்லை, டவர் இல்லை. கீழ் வீட்டுப் பாட்டியை மாடிக்குக் கூட்டிட்டு வந்து வெச்சிருந்தோம். தினமும் இன்சுலின் போடுறவங்க. மறுநாள் மீனவர்கள் படகோட வந்தாங்க. பாட்டியைத்தான் முதல்ல ஏத்தினோம். நான் அவசர அவசரமா நோட்டில் ஒரு பக்கம் கிழிச்சு, பாட்டி பேரு, வயசு, இன்சுலின் அளவு, பெங்களூரில் இருக்கிற அவங்க பையன் நம்பர் எல்லாம் எழுதிக் கையில் கொடுத்தேன். எழுதினது பரீட்சைக்கு வாங்கி வெச்சிருந்த ஜெல் பேனாவில்.

முகாமுக்குப் போய்ச் சேரும்போது அந்தப் பேப்பரில் இருந்தது ஒரு நீலக் கறை மட்டும்தான். பாட்டிக்குப் பையன் நம்பர் மனப்பாடம் இல்லை. அவர் அம்மாவைக் கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு. முகாமில் இருந்த டாக்டர் சுகர் பார்த்து ஊசி போட்டதால் பெரிசா எதுவும் ஆகலை. ஆனா அது அதிர்ஷ்டம். என் திட்டத்தில் இருந்த விஷயம் இல்லை.

அதனால இன்னைக்குப் பேனா. கடையில் எது அழகா இருக்குன்னு பார்க்க வேண்டாம். மூணு கேள்வி கேட்டாப் போதும். மை வெளியே வருமா? எழுதினது நிக்குமா? எது மேல எழுதப் போறோம்?

மை வெளியே வருமா?

ஜெல் பேனா, இங்க் பேனா ரெண்டிலும் இருக்கிறது தண்ணி கலந்த மை. பால்பாயின்ட்டில் இருக்கிறது எண்ணெய்ப் பசை மாதிரி கெட்டியான மை. இந்த ஒரு வித்தியாசம்தான் முக்காவாசி கதையைத் தீர்மானிக்குது.

தண்ணி கலந்த மை கடுங்குளிரில் உறையும். மூடியைத் திறந்து வெச்சா காயும். இங்க் பேனாவில் இன்னொரு தொல்லை. ஊட்டிக்கு ஏறும்போது காற்றழுத்தம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறையுது. பேனாவுக்குள்ள அடைஞ்ச காத்து விரிஞ்சு மையை வெளியே தள்ளும். சட்டைப் பாக்கெட் காலி.

பால்பாயின்ட் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. ஆனா அதுக்கு மை கீழே இறங்கணும். சுவரில் பேப்பர் வெச்சோ, படுத்துக்கிட்டு மேல் நோக்கியோ எழுதினா, கொஞ்ச நேரத்தில் குண்டுக்கிட்ட காத்து புகுந்து நின்னுடும். குளிரில் பசை இறுகி, எழுத்து விட்டு விட்டு விழும். இமயமலைப் பக்கம் பனி ட்ரெக் போறவங்க பேனாவை வெளிப் பாக்கெட்டில் வைக்காம, ஜாக்கெட்டுக்கு உள்ளே உடம்புச் சூட்டில் வெச்சுக்கணும்.

இதுக்கெல்லாம் பதில்தான் அழுத்தம் ஏத்தின ரீஃபில். 'நண்பன்' படத்தில் சத்யராஜ் ஒரு விண்வெளிப் பேனாவைக் காட்டுவாரே, ஞாபகம் இருக்கா? "பென்சில் வெச்சு எழுதலாமே"ன்னு விஜய் கேட்பாரே, அந்தப் பேனாதான். நாசா கோடி கோடியா செலவு பண்ணிப் பேனா கண்டுபிடிச்சது, ரஷ்யாக்காரங்க பென்சிலில் எழுதிட்டாங்கன்னு ஒரு ஃபார்வர்டு சுத்திட்டே இருக்கும். அது உண்மை இல்லை. பால் ஃபிஷர்னு ஒரு அமெரிக்கப் பேனாக் கம்பெனி முதலாளி, சொந்தக் காசில் உருவாக்கி 1966-ல் காப்புரிமை வாங்கினார். நாசா சோதிச்சுப் பார்த்து, சுமார் 400 பேனாவை, ஒண்ணு 3 டாலருக்கும் குறைவா வாங்கினாங்க. 1968-ல் அப்பல்லோ 7-ல் அது விண்வெளிக்குப் போச்சு. அடுத்த வருஷம் சோவியத்தும் வாங்கினாங்க. அதுக்கு முன்னாடி பென்சிலும் பயன்படுத்தினாங்கதான். ஆனா உடைஞ்ச முனை எடையில்லாம மிதக்கும். கண்ணிலயோ கருவியிலயோ போய் மாட்டினா ஆபத்து.

வேலை செய்யுற விதம் சிம்பிள். ரீஃபிலோட பின்பக்கம் மூடியிருக்கும், உள்ளே நைட்ரஜன் வாயு அழுத்திட்டே இருக்கும். மை ரப்பர் மாதிரி கெட்டி, குண்டு உருளும்போதுதான் இளகும். சாஸ் பாட்டிலைக் குலுக்கினாதான் சாஸ் இறங்கும் இல்லையா, அது போலத்தான். தலைகீழா எழுதும், ஈரப் பேப்பரிலும் எழுதும். மைனஸ் 35-லிருந்து 120 டிகிரி செல்சியஸ் வரைக்கும் எழுதும்னு கம்பெனி சொல்லுது. இதே யோசனையில், அழுத்தின காத்து அடைச்ச ரீஃபிலோட ஜப்பானோட யூனி பவர் டேங்க் வருது. விலையும் ஃபிஷரை விடக் கம்மி.

எழுதினது நிக்குமா?

பேனா எழுதிடுச்சு, சரி. எழுத்து தங்குமா? என் ஜெல் பேனா தோத்தது இங்கேதான். சாயம் கரைஞ்ச மைன்னா தண்ணி பட்டதும் ஓடிடும். பிக்மென்ட் மைன்னா, அதாவது நுண்ணிய நிறத்துகள் கலந்த மை, காஞ்ச பிறகு பேப்பர் இழையில் பிடிச்சுக்கும். ரெண்டையும் வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பால்பாயின்ட் மை எண்ணெய்ப் பசைங்கிறதால தண்ணிக்குப் பெரும்பாலும் அசையாது. சானிடைசர் பட்டாத்தான் கலையும்.

ஒரு எச்சரிக்கை. பின்பக்க ரப்பரால் தேய்ச்சா அழியுற பேனா இருக்குல்ல? அதில் மை போறது தேய்க்கிறதால இல்லை, தேய்க்கும்போது வர்ற சூட்டால. சுமார் 60 டிகிரியில் நிறம் மறைஞ்சுடும். நல்ல வெயிலில் நிறுத்தின காரோட டேஷ்போர்டு அந்தச் சூட்டைத் தொடும். எமர்ஜென்சி கார்டை அதில் எழுதவே எழுதாதீங்க.

இந்தப் பரீட்சையில் முதல் மார்க் பென்சிலுக்குத்தான். கிராஃபைட் தண்ணியில் கரையாது, வெயிலில் வெளுக்காது, உறையாது, காயாது, லீக் ஆகாது. டைவிங் பண்றவங்க தண்ணிக்கு அடியில் பிளாஸ்டிக் ஸ்லேட்டில் எழுதுறதே பென்சிலில்தான்.

எது மேல எழுதப் போறோம்?

அவசரத்தில் பேப்பர் கிடைக்கும்னு என்ன உத்தரவாதம்? பிளாஸ்டிக் கவர், மருந்துப் பெட்டி, சில நேரம் தோல் மேலயே எழுத வேண்டி வரும். ட்ரெக்கில் ஒருத்தரைப் பாம்பு கடிச்சா, கட்டுப் போடாம, கால் அசையாம வெச்சு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுதான் வேலை. போற வழியில் வீக்கம் எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு தோலில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரம் எழுதினா, அங்கே இருக்கிற டாக்டருக்கு அது பெரிய தகவல். அதுக்கு பெர்மனன்ட் மார்க்கர்தான் சரி. அதோட ஒரு பலவீனம், மூடி சரியா மூடலைன்னா காஞ்சுடும்.

அப்போ எதை வாங்கலாம்?

எங்க வேலையில் ஒரே சர்வரை நம்பி எதையும் ஓட்ட மாட்டோம். ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு தாங்கணும். முக்கியமா, ரெண்டும் ஒரே காரணத்துக்காக விழக்கூடாது. ரெண்டு ஜெல் பேனா வெச்சா அது பேக்கப் இல்லை. ஒரே மழையில் ரெண்டும் போயிடும்.

அதனால என் பையில் மூணு. ஒரு பாதி மரப் பென்சில், கூடவே ஷார்ப்னர். ஒரு பத்து ரூபாய் பால்பாயின்ட். ஒரு சின்ன பெர்மனன்ட் மார்க்கர். மொத்தம் நூறு ரூபாய்க்குள்ள முடியும். அடிக்கடி மலை ஏறுறவங்க பால்பாயின்ட்டுக்குப் பதிலா அழுத்த ரீஃபில் போட்டுக்கலாம். கண்ணாடி உடைக்கிற முனையோட வர்ற டாக்டிகல் பேனா பார்க்க கெத்துதான். ஆனா ஏர்போர்ட் செக்யூரிட்டியில் பிடுங்கிட வாய்ப்பு இருக்கு. உள்ளே சாதாரண ரீஃபில்னா மழையில் கூடுதலா ஒண்ணும் கிழிக்காது.

வாங்கினா மட்டும் போதாது. ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்லைன்னு எங்க ஆபீஸில் சொல்வோம். வீட்டில் இருக்கிற எல்லாப் பேனாலயும் ஒரே பேப்பரில் ஒரு நம்பர் எழுதுங்க. ஒரு நிமிஷம் கழிச்சு மக் தண்ணியில் பத்து நிமிஷம் ஊற வைங்க. எது மிஞ்சுதுன்னு பாருங்க. அப்புறம் அந்த ஈரப் பேப்பரிலேயே எது எழுதுதுன்னு பாருங்க. கடைசியா ஒரு ராத்திரி ஃப்ரீசரில் போட்டு எடுத்து எழுதிப் பாருங்க. ஆறு மாசத்துக்கு ஒருமுறை பையைத் திறந்து மார்க்கரைக் கிறுக்கிப் பாருங்க.

இதையெல்லாம் அப்புறம் பண்ணிக்கலாம். இன்னைக்கு ஒண்ணு மட்டும் பண்ணுங்க. ஒரு சின்ன அட்டையில், பால்பாயின்ட்டிலோ பென்சிலிலோ, உங்க வீட்டுப் பெரியவங்க பேரு, வயசு, ரத்த வகை, சாப்பிடுற மருந்தும் அளவும், ரெண்டு போன் நம்பர் எழுதுங்க. ரெண்டு பக்கமும் அகலமான செல்லோடேப் ஒட்டி, அவங்க பர்ஸில் வைங்க. மழை வர்றதுக்கு முன்னாடி எழுதிடுங்க. படகு வாசலுக்கு வந்த பிறகு, பேனா தேடுறதுக்கெல்லாம் நேரம் இருக்காது.

அடுத்த எபிசோடில் பவர் பேங்க். அதுவரைக்கும் பத்திரமா இருங்க, மக்களே!